தேற்ற வந்தவர் வாயில் யோபின் வாக்கு

தென்மாவட்டத்துத் திருச்சபைகளில் ஒரு சாவு விழுந்தால் அடக்க ஆராதனையோடு காரியம் முடிந்துவிடாது. ஜெபக்குழு வரும், பெண்கள் ஐக்கியத்தார் வருவார்கள். போதகர் வேதபகுதி வாசித்துச் சிறிது நேரம் பேசுவார். கீர்த்தனை பாடி, ஜெபித்து, வீட்டாரின் கையைப் பிடித்துவிட்டுக் கலைவார்கள். சொந்தமோ நெருக்கமோ வேண்டியதில்லை, சபையார் என்ற ஒரே தகுதி போதும். என்ன பேசுவதென்று தெரியாதவருக்கும் பாட்டும் ஜெபமும் துணைக்கு வருகின்றன. துக்கப்படுகிறவரைத் தனியே விடாத இந்த ஒழுங்குதான் கிறிஸ்தவ ஆறுதலின் முதல் பலம்.

பலவீனம் பேச்சில் நுழைகிறது. "கர்த்தருக்குச் சித்தம்", "எல்லாம் நன்மைக்குத்தான்", "அழாதீங்க, விசுவாசத்துல நில்லுங்க". இவற்றுக்கு வேத ஆதாரம் இல்லாமல் இல்லை. ஆனால் அந்த வாக்குகள் யார் வாயிலிருந்து வந்தவை? கொடுத்தவரே எடுத்துக்கொண்டார் என்று அறிக்கையிட்டவர், பத்துப் பிள்ளைகளையும் ஒரே நாளில் பறிகொடுத்த யோபு. எல்லாம் கூடி நன்மையில் முடியும் என்று ரோமருக்கு எழுதியவர், ஐந்து முறை சவுக்கடி பட்டு, மூன்று முறை கப்பற்சேதத்தில் சிக்கிய பவுல். அடிபட்டவர்கள் அடிபட்ட இடத்திலிருந்து சொன்னவை அவை. வந்துபோகிறவர் அதையே சொல்லும்போது அறிக்கை அறிவுரையாகிவிடுகிறது. மறுத்துப் பேசினால் விசுவாசக் குறைவு என்ற பெயர் வரும். அதனால் வீட்டார் தலையாட்டிவிடுகிறார்கள். அந்தத் தலையாட்டலைத் தேறுதல் என்று எண்ணிக்கொண்டு நாம் எழுந்து வருகிறோம்.

யோபின் நண்பர்களும் நல்லபடியாகத்தான் தொடங்கினார்கள். எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் மூவரும் ஏழு நாள் இரவும் பகலும் அவரோடு தரையில் உட்கார்ந்திருந்தார்கள். ஒரு வார்த்தை பேசவில்லை. துன்பத்துக்குக் காரணம் சொல்லத் தொடங்கியபோதுதான் கெட்டது. கடவுளின் நீதியைக் காப்பாற்றுவதாக நினைத்து நண்பனைக் குற்றவாளியாக்கினார்கள். கடைசி அதிகாரத்தில் தேவகோபம் அந்த மூவர்மேல்தான் மூளுகிறது. அவர்களுக்காக ஜெபிக்கும் பொறுப்பு, அத்தனை முறையிட்ட யோபிடம் தரப்படுகிறது.

முறையிட வேதத்தில் தாராளமாக இடம் உண்டு. 88ஆம் சங்கீதம் இருளிலேயே முடிகிறது, கடைசியில்கூட ஒரு நம்பிக்கை வரி இல்லை. துக்க வீட்டில் 23ஐயும் 121ஐயும் வாசிக்கும் நாம் அதை எடுப்பது அபூர்வம். கிறிஸ்தவ எழுத்தாளர் சி. எஸ். லூயிஸ் 1940இல் துன்பத்துக்கு விசுவாச நோக்கில் விளக்கம் தந்து ஒரு நூல் எழுதினார். 1960இல் மனைவியை இழந்தபின் எழுதிய குறிப்புகள் அடுத்த ஆண்டு புனைபெயரில் வெளிவந்தன. அவற்றில் கடவுளோடு சண்டை நடக்கிறது. மதம் தரும் ஆறுதல்களைப் பற்றித் தம்மிடம் பேச வேண்டாம் என்ற எரிச்சலும் இருக்கிறது. விசுவாசத்தை அவர் விட்டுவிடவில்லை. புலம்பலும் விசுவாசத்துக்குள் அடக்கம் என்பதற்கு அந்த நூல் சாட்சி.

அப்படியானால் வாயை மூடிக்கொண்டிருப்பதே ஆறுதலா? அதுவும் பாதி உண்மைதான். உயிர்த்தெழுதல் நம்பிக்கையைச் சொல்லவே கூசும் சபை, தன்னிடம் உள்ளதை ஒளித்துவைக்கிறது. பெத்தானியாவில் மார்த்தாளும் மரியாளும் இயேசுவிடம் சொன்னது ஒரே புகார்: நீர் இருந்திருந்தால் சகோதரன் செத்திருக்கமாட்டான். மேலும் பேச முன்வந்த மார்த்தாளுக்கு உயிர்த்தெழுதலைப் பற்றிப் பதில் கிடைத்தது. காலில் விழுந்து அழுத மரியாளுக்கு எந்த விளக்கமும் இல்லை, இயேசுவும் அழுதார். எதைத் தருவது என்பதை எதிரில் இருந்தவரின் நிலை தீர்மானித்தது.

நம் வழக்கத்தில் அதைத் தீர்மானிப்பது ஆராதனை ஒழுங்கும் வந்தவரின் பதற்றமும். எதிரில் கிடக்கும் துயரத்தைத் தாங்கமுடியாத நம் பதற்றமே பல சமயம் வசனமாக வெளியே வருகிறது. வருகையைக் குறைக்க வேண்டியதில்லை. கூட்டம் ஓய்ந்த மாதங்களில் இன்னும் போகலாம். வசனத்தையும் கொண்டுபோகலாம். ஆனால் யோபின் வாக்கைச் சொல்லும் முதல் உரிமை யோபுக்கே. அவர் இன்னும் சொல்லவில்லை என்றால், அவருக்காக நாம் அதைச் சொல்லிவிட முடியாது.