டிவிடி ஸ்டைலர்: கல்யாண வீடியோவை வீட்டிலேயே டிவிடி ஆக்கலாமா?

கல்யாண வீடியோவைப் பென் டிரைவில் வாங்கிக்கொள்ளும் காலம் இது. ஆனால் ஊரில் இருக்கும் தாத்தா பாட்டிக்கு ரிமோட்டில் கை பழகிய டிவிடி பிளேயர்தான் வசதி. அவர்களுக்காக வீட்டிலேயே டிவிடி போட நினைப்பவர்கள் இலவச மென்பொருளான டிவிடி ஸ்டைலரை நம்பி இறங்கலாம். விண்டோஸ், மேக், லினக்ஸ் மூன்றிலும் ஓடும். வீடியோவை இழுத்துப் போட்டு, பின்னணிப் படம் வைத்து, முகூர்த்தத்துக்கு ஒரு பட்டன், வரவேற்புக்கு ஒரு பட்டன் என்று மெனு அமைப்பது சுலபம்.

தலைவலியெல்லாம் என்கோடிங்கில், அதாவது வீடியோவை டிவிடி வடிவுக்கு மாற்றுவதில்தான்.

டிவிடிக்கென்று கறாரான விதிகள் உண்டு. வீடியோ எம்பெக்-2 வடிவில் இருக்க வேண்டும். பால் (PAL) என்ற டிவி முறை என்றால் 720x576 அளவு, நொடிக்கு 25 பிரேம். ஒலி 48 கிலோஹெர்ட்ஸ். வீடியோவின் பிட்ரேட், அதாவது ஒரு நொடிக்குச் செலவாகும் தரவு, நொடிக்கு 9.8 மெகாபிட்டைத் தாண்டக் கூடாது. போனில் எடுத்த எம்பி4 கோப்பை அப்படியே டிஸ்கில் எழுதிவிட்டால், பழைய பிளேயர் அதைத் தொடக்கூட மறுக்கும்.

அடுத்தது இடக்கணக்கு. ஒற்றை அடுக்கு டிஸ்கின் கொள்ளளவு 4.7 ஜிபி. இரண்டு மணி நேரப் படத்துக்கு ஒலியும் சேர்த்து நொடிக்குச் சுமார் 5.2 மெகாபிட் கிடைக்கும். படம் தெளிவாகவே இருக்கும். மூன்று மணி நேரத்தைத் திணித்தால் அது சுமார் 3.5-க்கு இறங்கிவிடும். பிட்ரேட்டை 'ஆட்டோ'வில் விட்டால் டிவிடி ஸ்டைலர் இந்தக் கணக்கைத் தானே போட்டுக்கொள்ளும். ஆனால் ஹோமப் புகையும் பட்டுச்சேலைச் சரிகையும் வரும் இடங்களில் கட்டம் கட்டமாகத் தெரிவதை அதனால் தடுக்க முடியாது. இரண்டு டிஸ்காகப் பிரிப்பதே நல்லது.

பழைய கேம்கார்டரின் மினி டிவி (MiniDV) கேசட்டிலிருந்து ஏற்றிய வீடியோவில் வேறொரு வம்பு. அதில் ஒவ்வொரு பிரேமும் ஒற்றைப்படை, இரட்டைப்படை வரிகளாக இரண்டு பாதிகளாய் இருக்கும். எந்தப் பாதி முதலில் என்ற வரிசையை மாற்றிக் குறித்து என்கோட் செய்தால், மாலை மாற்றும் கைகள் முன்னும் பின்னுமாக உதறும். கம்ப்யூட்டர் திரையில் இது பெரும்பாலும் கண்ணில் படாது, பழைய டியூப் டிவியில் பளிச்சென்று தெரியும். மினி டிவியில் கீழ்ப்பாதி முதலில் வரும் என்பதை நினைவில் வைத்தால் இந்தத் தொல்லை இல்லை.

போன் வீடியோவில் உதடு ஒரு பக்கம், குரல் ஒரு பக்கம் போவதற்குக் காரணம் பிரேம் வேகம் நிலையாக இல்லாததுதான். வெளிச்சம் குறைந்தால் போன் வேகத்தைக் குறைத்துவிடும். வீடியோ மாற்றும் மென்பொருளான ஹேண்ட்பிரேக்கில் 'கான்ஸ்டன்ட் பிரேம் ரேட்' தேர்ந்து ஒருமுறை மாற்றியபின் டிவிடி ஸ்டைலருக்குக் கொடுத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். மூலம் நொடிக்கு 30 பிரேம் என்றால், பிளேயர் ஏற்கும் பட்சத்தில் அந்த வேகத்தை ஒட்டிய என்டிஎஸ்சி டிவி முறையே மேல். பால் முறைக்காக 25-க்கு இறக்கினால் கேமரா திரும்பும் காட்சிகள் தத்தித் தத்தி ஓடும்.

நேராக டிஸ்கில் எழுதாமல் முதலில் டிஸ்கின் முழு நகலான ஐஎஸ்ஓ கோப்பாக எடுத்து விஎல்சி பிளேயரில் ஓட்டிப் பார்ப்பது டிஸ்க் வீணாவதைத் தவிர்க்கும். அங்கே மெனுவை மவுஸால் அழுத்திப் பார்த்ததோடு விடக் கூடாது. தாத்தா கையில் இருப்பது ரிமோட். அதன் அம்புக்குறிகள் ஒரு பட்டனிலிருந்து அடுத்ததற்கு ஒழுங்காகப் போகின்றனவா என்பதையும் பார்த்துவிட்டுத்தான் ரைட் செய்ய வேண்டும்.