புதுக்கோழிக்குத் தனிக்கூடை

நல்ல கோழி வாங்கத் தெரிந்தவர்கள் கொங்கு நாட்டில் ஊருக்கு நாலு பேராவது இருப்பார்கள். வாங்கி வந்த கோழியை வீட்டுக் கோழிகளோடு சேர்க்கத் தெரிந்தவர்கள் அவ்வளவு பேர் இல்லை. முதல் வித்தைக்கு மரியாதை உண்டு. சேவலின் மூக்கு வளைவையும் வாலின் விரிப்பையும் பார்த்து ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் கிளிமூக்குச் சேவல்காரர்களுக்குக் கண்காட்சி நடக்கிறது, பரிசு தருகிறார்கள். இரண்டாவது வித்தைக்கு மேடை கிடையாது. தோட்டத்துச் சாளைக்குப் பின்னால், கட்டுத்தாரை ஓரத்தில், பெரும்பாலும் பெண்கள் கையில் அது நடக்கிறது. சரியாகச் செய்தால் ஒன்றுமே நடக்காது. கோழிகள் பாட்டுக்கு மேய்ந்துகொண்டிருக்கும். ஒன்றும் நடக்காததை யார் மெச்சுவார்கள்? நான் மெச்சுகிறேன்.

சந்தையிலேயே அது தொடங்கிவிடுகிறது. குண்டடத்தில் சனிக்கிழமை சந்தை. கால் கட்டித் தலைகீழாகத் தொங்கவிட்டும், கூடையில் அமுக்கியும், வண்டியின் பின்னால் வலை போட்டும் கோழிகள் வந்து இறங்கும். கறிக்கு வாங்குபவர் தூக்கிப் பார்த்து எடை சொல்லிவிட்டுப் போய்விடுவார். வளர்க்க வாங்குபவருக்குத்தான் வேலை அதிகம். கொடுவாய்ப் பக்கத்து ஆத்தா ஒருவர் வாங்குவதைப் பார்த்திருக்கிறேன். முதலில் அவர் கோழியைத் தொடவே இல்லை. கட்டை அவிழ்த்துக் கீழே விடச் சொல்லிவிட்டுச் சும்மா நின்றார். சிறகைச் சிலிர்த்துக்கொண்டு தலையை உள்ளே இழுத்து நிற்கிறதா, வால் தொங்குகிறதா, ஆள் நகர்ந்தால் கண் நகர்கிறதா என்று பார்த்தார். அதற்குப் பிறகுதான் கை. நெஞ்செலும்பைத் தடவினார், அது கத்தி மாதிரி துருத்தினால் கோழி பல நாளாகத் தேய்ந்துகொண்டிருக்கிறது என்று பொருள். மூக்குத் துவாரத்தைக் கட்டைவிரலால் அழுத்தினார், ஈரம் கசியக்கூடாது. வாயைப் பிளந்து முகர்ந்தார். காலைப் பிரட்டிச் செதில் தூக்கியிருக்கிறதா என்று பார்த்தார். தூக்கியிருந்தால் செதிலுக்கு அடியில் சொறிப்பூச்சி. வாலடி இறகை வாயால் ஊதிப் பிரித்தார். பேனும் அதன் முட்டையும் குடியிருக்கும் இடம் அதுதான். பின்புற இறகில் எச்சம் ஒட்டிக் காய்ந்திருந்தால் அந்தக் கோழியை அப்போதே திருப்பிக் கொடுத்திருப்பார்.

இத்தனையும் முடிந்த பிறகு விற்பவரிடம் ஒரு கேள்வி கேட்டார். "இதோட கூடப்பொறந்ததெல்லாம் எங்கீங்க?"

கோழி மருத்துவம் படித்தவர்கூட இதைவிடக் கூர்மையாகக் கேட்க முடியாது. கூடப்பிறந்தவை வீட்டில் மேய்கின்றன என்றால் ஒரு கணக்கு. எல்லாவற்றையும் கொண்டுவந்துவிட்டேன் என்றால் வேறு கணக்கு. பக்கத்து வளவில் சீக்கு விழுந்துவிட்டது என்று தெரிந்ததும் இருக்கிற கோழிகளைக் காசாக்கிவிடலாம் என்று சந்தைக்குக் கொண்டுவருவது எல்லா நாட்டிலும் உள்ள பழக்கம். கோழி திடீரென்று மலிவாகக் கிடைக்கும் வாரம் கோழி வாங்கக் கூடாத வாரம். விலையும் ஓர் அறிகுறிதான்.

ஆனால் கண்ணுக்கும் கைக்கும் ஓர் எல்லை உண்டு. வெள்ளைக்கழிச்சல் அந்த எல்லைக்கு அப்பால் இருக்கிறது. 1926இல் ஜாவாவிலும் இங்கிலாந்தின் நியூகாசிலிலும் அடையாளம் காணப்பட்ட நோய் இது. ஓரிரு வருடங்களில் இமயமலை அடிவாரத்து ராணிக்கேத்தில் தென்பட்டதால் நம்மூர் மருந்தகங்களில் இன்னும் ராணிக்கேட் நோய் என்றே எழுதுகிறார்கள். பச்சையும் வெள்ளையுமாகக் கழியும், வாயைத் திறந்து மூச்சு வாங்கும், கழுத்து முறுக்கிக்கொள்ளும். தடுப்பூசி போடாத கூட்டத்தில் புகுந்தால் பட்டியையே துடைத்துவிடும். கிருமி உள்ளே போன நாளுக்கும் கோழி தலை தொங்கும் நாளுக்கும் இடையில் இரண்டு முதல் பதினைந்து நாள், பெரும்பாலும் ஐந்தாறு நாள். அந்த இடைவெளியில் கோழி இரை எடுக்கும், கொண்டை சிவப்பாக இருக்கும், முட்டைகூட இடும். ஆத்தாவின் சோதனை அத்தனையிலும் தேறிவிடும். சனிக்கிழமை வாங்கிய கோழி அடுத்த வெள்ளிக்குள் சுருண்டால், அதோடு தண்ணீர் குடித்த பழைய கோழிகள் அதற்கடுத்த வாரம் விழும். தடுப்பூசி போட்ட கோழியும் தனக்கு நோய் வராமலே கிருமியைக் கழிக்கக்கூடும்; ஊசி அதைக் காப்பாற்றும், உங்கள் கோழிகளைக் காப்பாற்றாது.

சளி நோய்கள் இன்னும் சூது. முகம் வீங்கி, கண் மூடி, நாற்றமடிக்கும் சளி ஒழுகிப் பிறகு தேறிவிட்ட கோழி வெளிப்பார்வைக்கு முழு ஆரோக்கியம். உள்ளே கிருமி மாதக்கணக்கில், சிலவற்றில் ஆயுசுக்கும் தங்கிவிடும். இடம் மாறிய அலுப்பில் அது மறுபடி கிளம்பும். இந்த ஆபத்து இரண்டு பக்கமும் உண்டு என்பதைப் பலர் யோசிப்பதில்லை. உங்கள் வாசலில் மேயும் கிழட்டுப் பெட்டை எந்தக் காலத்துச் சளியைச் சுமக்கிறதோ, புதிதாக வந்த வெடைக்கோழிக்கு அது புதுசு. வந்த கோழி செத்தால் சந்தைக்காரனைத் திட்டுகிறோம். பாதி நேரம் குற்றவாளி நம் வீட்டுக் கூரை மேல் உட்கார்ந்திருக்கிறது.

ஆக, பார்ப்பதால் மட்டும் முடியாது. காத்திருக்க வேண்டும். என் ரசனை முழுவதும் இந்தக் காத்திருப்பின் மேல்தான். கிருமி புகுந்து வெளிப்படும் காலமாக வெள்ளைக்கழிச்சலுக்கு உலக விலங்கு நல அமைப்பு கணக்கில் எடுத்துக்கொள்வது 21 நாள். ஒரு மாதம் தனியே வைத்தால் இன்னும் நல்லது. கொங்குப் பக்கம் கூடை கவிழ்க்கிற பழக்கம் முன்பே உண்டு. ஆனால் பலரும் புதுக்கோழியை இரண்டு மூன்று நாள் கவிழ்ப்பது இடம் பழகட்டும், ஓடிப்போகாமல் இருக்கட்டும் என்பதற்காக. அதே பஞ்சாரக் கூடையை மூன்று வாரத்துக்கு நீட்டி, வாசலுக்கு நடுவிலிருந்து தள்ளிக் காற்றுக்குக் கீழ்ப்பக்கம் வைத்தால், பழக்கம் அப்படியே மருத்துவமாகிவிடும்.

தேர்ந்த கையை இங்கே பார்க்கலாம். தண்ணீர்ச் சட்டி வேறு, இரைத்தட்டு வேறு. காலையில் முதலில் பழைய கோழிகளுக்குப் போட்டுவிட்டுக் கடைசியில்தான் புதியதிடம் போவார்கள். திரும்பி வந்து கைகால் கழுவிய பிறகுதான் அடுத்த வேலை. இந்த வரிசை மாறினால் கூடையே வீண். கூடைக்கு அடியில் பழைய சாக்கை விரித்து வைப்பார்கள். விடிந்ததும் சாக்கைப் பார்ப்பது செய்தித்தாள் பார்ப்பது போல ஒரு நித்தியக் கடமை. கெட்டியான எச்சத்தின் மேல் வெள்ளைத் தொப்பி இருந்தால் நலம். பத்தில் ஒன்று பழுப்பாகக் களி போல வரும். அதைப் பார்த்துப் பதறுபவர் புதியவர், அது குருட்டுக்குடலிலிருந்து வரும் இயல்பான கழிவு. ரத்தம் கலந்திருந்தால் ரத்தக்கழிச்சல். பச்சை நீராக இருந்தால் அன்றைக்கே மருந்தகத்துக்கு நடக்க வேண்டும். ராத்திரி எல்லாம் அடங்கிய பிறகு கூடைக்குப் பக்கத்தில் குந்தி மூச்சைக் கேட்பவர்களும் உண்டு. பகலில் மறைத்துவிடும் கரகரப்பைக் கோழி இருட்டில் மறைக்காது.

கூடையே நோய் சுமக்கும் என்பதையும் தெரிந்தவர்கள் மறப்பதில்லை. கோழி உண்ணி பகலெல்லாம் மூங்கில் இடுக்கிலும் சுவர் வெடிப்பிலும் ஒளிந்து ராத்திரி மட்டும் ஏறி ரத்தம் குடிக்கும். ரத்தமே கிடைக்காமல் மாதக்கணக்கில் உயிரோடு கிடக்கும். போன வருடத்துக் கூடையை அப்படியே எடுத்துக் கவிழ்ப்பது புதுக்கோழிக்கு விருந்து வைப்பதல்ல, அதையே விருந்தாக வைப்பது. உச்சிவெயிலில் காயப்போட்டுத் தீயில் ஒரு வாட்டு வாட்டிச் சுண்ணாம்பு பூசிய பிறகே எடுக்க வேண்டும். உள்ளே அடுப்புச் சாம்பலும் மண்ணும் கலந்த குழி ஒன்று. புரண்டு குளித்துப் பேனைக் கோழியே உதிர்த்துக்கொள்ளும். அம்மை மட்டும் கூடைக்கு அடங்காது. கொசு சுமக்கும் நோய்க்குத் தூரம் கணக்கில்லை. பழைய கொசுவலையைப் போர்த்தலாம், அதற்கென்று உள்ள ஊசியைக் கோழிக்குப் போட்டுவிடலாம்.

மூன்று வாரம் முடிந்தபின் ஒரு நுட்பம் இருக்கிறது, எனக்கு மிகப் பிடித்தது. பழைய கூட்டத்திலிருந்து, போனால் போகட்டும் என்று நினைக்கக்கூடிய ஒரு கோழியை எடுத்துப் புதியதோடு மேலும் சில வாரம் அடைப்பது. யாருக்கு யார் நோய் கொடுப்பார்கள் என்பது பெரும்பாலும் அந்தக் கூடைக்குள்ளேயே தெரிந்துவிடும். கொஞ்சம் கொடூரம்தான். இருபது கோழிகளின் உயிருக்கு ஒன்றைப் பணயம் வைக்கிற கணக்கு.

பிறகு சேர்க்கும் நாள். கூடையைப் பகலில் வாசலுக்கு நகர்த்தி, கண்ணால் பார்த்துக்கொள்ள விடுவார்கள். ராத்திரி இருட்டிய பிறகு புதியதைத் தூக்கி, பழையவை அடைந்திருக்கும் இடத்தில் சத்தமில்லாமல் ஏற்றிவிடுவார்கள். கோழிக்கு இருட்டில் கண் தெரியாது. விடிந்து எழும்போது ஒரே கூட்டில் இருப்பதால் முதல் ஆவேசம் பாதி குறையும். கொத்தலே இருக்காது என்றில்லை. யார் யாரைக் கொத்தலாம் என்ற வரிசை கோழிகளுக்குள் உண்டு என்பதை 1921இல் எழுதியவர் நார்வேயின் ஷெல்டெரப் எப்பே. நம் ஆத்தாக்கள் அதை மாமியார், நாத்தனார் என்று பேர் வைத்தே சொல்வார்கள். ஒற்றைக் கோழியாக விடாமல் இரண்டாக விடுவதும், இரையை இரண்டு மூன்று இடத்தில் தூவுவதும் அதற்காகத்தான். கொத்து வாங்கி ஒடுங்கி, பட்டினி கிடக்கும் கோழிக்குத்தான் அடங்கிக் கிடந்த சீக்கு எழும்பும். சண்டையை ஆற்றுவதும் வைத்தியத்தில் ஒரு பாகம்.

மருந்தைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சின்ன வெங்காயம், சீரகம், மிளகு, மஞ்சள், கீழாநெல்லி அரைத்து உருண்டை பிடித்து ஊட்டுவது இங்கே வீட்டுக்கு வீடு தெரிந்தது. கால்நடை மருத்துவப் பேராசிரியர் புண்ணியமூர்த்தி போன்றவர்கள் மரபு மருத்துவத்தை ஒழுங்குபடுத்தி ஊர் ஊராகக் கொண்டுபோயிருக்கிறார்கள். இரை எடுக்காத கோழிக்குத் தெம்பு தரும், வயிற்றுக்கு நல்லது, நானும் எதிரியல்ல. ஆனால் கழிச்சல் வைரஸ் வெங்காயத்துக்குப் பயப்படும் என்று கைப்பேசி வீடியோவில் அடித்துச் சொல்பவர்களை நம்பாதீர்கள். வந்தபின் அதற்கு மருந்து கிடையாது. குஞ்சாக இருக்கையில் முதல் வாரத்தில் கண்ணிலோ மூக்கிலோ ஒரு சொட்டு லசோட்டா தடுப்பு மருந்து, எட்டாவது வாரத்தில் இறக்கைத் தோலுக்கடியில் ஆர்.டி.வி.கே. ஊசி. இதுதான் காப்பு. ஊசி போடப் பிடிபடாத மேய்ச்சல் கோழிகளுக்கென்று இரையோடு கொடுக்கும் குருணை மருந்தைத் தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகம் உருவாக்கியிருக்கிறது. கோவைக்காரர்களுக்குச் சரவணம்பட்டியிலேயே அந்தப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையம் இருக்கிறது. புதுக்கோழிக்கு ஊசி போட்டதா என்று தெரியாவிட்டால், கூடையில் இருக்கும்போதே, அது திடமாக இருக்கும் நாளில் போட்டுவிட்டு, எதிர்ப்பு சக்தி ஊற இரண்டு வாரம் விடுவது முறை.

பல்லடம் பக்கத்துக் கறிக்கோழிக் கொட்டகைகளில் இந்தத் தலைவலி இல்லை. ஒரே வயதுக் குஞ்சுகளை மொத்தமாக இறக்கி, மொத்தமாக ஏற்றி, இடையில் கொட்டகையைக் கழுவிக் காயவிடுவார்கள். புதியது பழையதைச் சந்திப்பதே கிடையாது. கேரளத்தில் பறவைக் காய்ச்சல் என்றால், 2021 ஜனவரியில் நடந்தது போல, எல்லையிலுள்ள வாளையாறு சோதனைச் சாவடியில் வண்டிச் சக்கரத்துக்கு மருந்தடிக்கிறார்கள். கிழட்டுக் கோழியும் குஞ்சும் ஒன்றாக மேயும் வீட்டு வாசலுக்குச் சோதனைச் சாவடி அந்தக் கூடை ஒன்றுதான். கட்டுச்சேவல் வளர்ப்பவர்கள் இதில் நம்மைவிடக் கெட்டிக்காரர்கள். ஒவ்வொரு சேவலும் தனிக் கயிற்றில், தனிச் சட்டியில். சண்டை போட்டுவிடும் என்று பிரித்தார்கள். நோயும் சேர்ந்தே பிரிந்துவிட்டது.

இத்தனைக்குப் பிறகும் விழுந்தால், செத்ததை வாய்க்காலில் வீசாதீர்கள், நாய்க்குப் போடாதீர்கள். ஆழக் குழி வெட்டிச் சுண்ணாம்பு தூவி மூடுங்கள். மிச்சத்தைச் சந்தைக்கு ஏற்றாதீர்கள். அங்கே இன்னொரு ஆத்தா கூடப்பிறந்ததெல்லாம் எங்கே என்று கேட்கும்போது பொய் சொல்ல நேரும். ஒரே நாளில் பல கோழிகள் செத்தால் கால்நடை உதவி எண் 1962க்குக் கூப்பிட்டுச் சொல்லுங்கள்.

பிப்ரவரியில் கால்நடைத் துறை ஊர் ஊராக வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசி முகாம் போடுகிறது, காசு கிடையாது. முந்தின நாள் ராத்திரியே கோழிகளைக் கூடையில் அடைத்து வையுங்கள். விடிந்து திறந்துவிட்டால் டாக்டர் வந்து நிற்பார், ஒரு கோழியும் கைக்குச் சிக்காது.