நிலாவாரை டீயும் தராசு முள்ளும்

எடை குறைக்கும் டீ என்று விற்கிற பாக்கெட்டுகளைத் திருப்பிப் பாருங்கள். உட்பொருள் பட்டியலில் பல நேரம் 'சென்னா இலை' என்று பொடி எழுத்தில் இருக்கும். லண்டனில் விற்கிற டீயிலும் இருக்கும், கோலாலம்பூரில் விற்கிற டீயிலும் இருக்கும். சென்னா வேறெதுவும் இல்லை, நம்ம நிலாவாரைதான். உலகச் சந்தையில் அதற்குத் 'திருநெல்வேலி சென்னா' என்றே பெயர். தூத்துக்குடி வழியாகக் கப்பல் ஏறுகிறது. பேர்தான் திருநெல்வேலி, எங்கள் ராமநாதபுரம் மாவட்டத்து மானாவாரி நிலத்திலும் விளைகிற செடி அது. கமுதியில் உட்கார்ந்து இந்தக் குறிப்பை எழுதுகிற எனக்கு, இந்த ஏமாற்று வேலையின் மூலப்பொருள் நம்ம பக்கத்துச் சரக்கு என்பதில் தனியாக ஒரு எரிச்சல் உண்டு.

இலை மேல் குற்றமில்லை. மலச்சிக்கலுக்கு நிலாவாரை நல்ல மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சென்னா இருக்கிறது. அதே நிறுவனம், மருத்துவர் சொல்லாமல் ஒன்றிரண்டு வாரத்துக்கு மேல் தொடர்ந்து எடுக்கக்கூடாது என்றும் சொல்கிறது. டீ பாக்கெட்டோ 'தினமும் இரவு ஒரு கப், 90 நாள்' என்கிறது. சிக்கல் இங்கேதான் ஆரம்பிக்கிறது.

நிலாவாரை வேலை செய்கிற இடம் பெருங்குடல். சாப்பாட்டிலிருந்து கலோரியை உடம்பு உறிஞ்சிக்கொள்வது அதற்கு முன்னாலேயே, சிறுகுடலில். அதாவது இலை கதவைத் தட்டும்போது சோறும் எண்ணெயும் ஏற்கெனவே வீட்டுக்குள் போய் உட்கார்ந்தாச்சு. பேதி மருந்தால் எவ்வளவு கலோரி தப்பிக்கிறது என்று 1983-இல் அமெரிக்காவில் அளந்தே பார்த்தார்கள். அன்னல்ஸ் ஆஃப் இன்டர்னல் மெடிசின் இதழில் வந்த ஆய்வு. நாலு முதல் ஆறு லிட்டர் வரை பேதியாகிற அளவுக்கு மருந்து கொடுத்தும், உறிஞ்சப்பட்ட கலோரி சுமார் 12 சதவீதம்தான் குறைந்தது. ஆறு லிட்டர் பேதி என்றால் குளுக்கோஸ் ஏற்றுகிற நிலைமை. அதற்குக் கிடைத்த கூலி 12 சதவீதம்!

ஆனால் தராசு முள் இறங்கும். நிச்சயமாக இறங்கும். ஒரு லிட்டர் தண்ணீர் ஒரு கிலோ என்பதை எந்த விளம்பரக்காரரும் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. எங்க பக்கம் சீமைக்கருவேலங் கட்டையை அடுக்கி கரிமூட்டம் போடுகிறவர்களைப் பாருங்கள். சித்திரை வெயிலில், மூட்டத்துச் சூட்டில், ஒரு நாளில் அவர்கள் உடம்பிலிருந்து வியர்வையாக இறங்குகிற எடையை எந்த 'ஸ்லிம்மிங் பெல்ட்'டும் இறக்க முடியாது. சாயங்காலம் இரண்டு சொம்பு தண்ணீர், ஒரு தட்டு சோறு, எடை திரும்ப வந்துவிடும். அதை யாரும் வைத்தியம் என்று சொல்வதில்லை, கூலி வேலை என்றுதான் சொல்கிறோம்.

'முதல் வாரத்திலேயே 2 கிலோ' கதையும் இதுதான். கல்லீரலிலும் தசையிலும் சுமார் அரைக் கிலோ கிளைகோஜன் சேமிப்பு இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு ஏறக்குறைய 3 கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கும். சோற்றைக் குறைத்ததும் அந்தச் சேமிப்பு கரையும், தண்ணீரும் கூடவே போகும். இதற்கு டீ தேவையே இல்லை. ஆனால் பெயர் வாங்குவது டீ. உடம்புக் கொழுப்பு ஒரு கிலோ கரைய ஏறக்குறைய 7,700 கலோரி பற்றாக்குறை வேண்டும். ஒரு நாளைக்கு 500 கலோரி குறைத்தால் இரண்டு வாரம் ஆகும். இந்தக் கணக்கை நோட்டீஸில் அச்சடித்தால் யார் வாங்குவார்கள்?

எங்க சித்தி ஒருத்தர் இப்படி ஒரு டீ குடித்தார். பேர் வேண்டாம். பத்து நாளில் இரண்டரைக் கிலோ குறைந்ததாகச் சொன்னார், பொய் சொல்லவில்லை. அவருக்கு உண்மையில் வேண்டியது எடை அல்ல, முழங்கால் வலி இல்லாமல் மாடிப்படி ஏறுவது. அவர் இரத்தக் கொதிப்புக்கு 'தண்ணி மாத்திரை' என்று சொல்கிற சிறுநீர் பெருக்கி சாப்பிடுகிறவர். அந்த வகை மாத்திரைகள் பல, பொட்டாசியத்தை உடம்பிலிருந்து வெளியேற்றும். நிலாவாரைப் பேதியும் அதையே செய்யும். இரண்டும் சேர்ந்தால் கை கால் சோர்வில் ஆரம்பித்து இதயத் துடிப்பு தப்புவது வரை போகலாம். 'எனக்கு அலுப்பா இருக்குடா, ஆனா உடம்பு லேசாயிருச்சு' என்றார். அந்த அலுப்பையே டீயின் வேலை என்று நம்பிக்கொண்டிருந்தார். டாக்டரிடம் மாத்திரைச் சீட்டோடு டீ பாக்கெட்டையும் கொண்டு போங்க என்று சொல்லி அனுப்பினேன்.

'எனக்குக் குறைஞ்சுச்சே, நீ என்ன ஆராய்ச்சி பேசுற?' என்ற கேள்விக்கு எனக்குப் பிடித்த பதில் கொடம்புளி. அதன் சாறு எடை குறைக்கும் மாத்திரையாக உலகம் முழுக்க விற்றது. 1998-இல் ஜாமா இதழில் ஒரு சோதனை வந்தது. 135 பேர், 12 வாரம், எல்லாருக்கும் ஒரே கலோரிக் கட்டுப்பாடு. பாதிப் பேருக்குக் கொடம்புளிச் சத்து, மீதிப் பேருக்கு வெறும் மாத்திரை. கொடம்புளிக்காரர்களுக்கு 3.2 கிலோ குறைந்தது. அந்தக் கணக்கை மட்டும் பார்த்தால் அருமையான மருந்து. வெற்று மாத்திரைக்காரர்களுக்கோ 4.1 கிலோ குறைந்திருந்தது! வித்தியாசம் புள்ளியியல்படி பொருட்படுத்தத் தக்கதல்ல, ஆக மருந்தால் ஒன்றும் நடக்கவில்லை. அந்த 3.2 கிலோ ஆட்களைக் கூப்பிட்டு மைக் கொடுத்தால் மனமார சாட்சி சொல்லியிருப்பார்கள். விளம்பரத்தில் வருகிற சாட்சிகள் எல்லாம் நடிகர்கள் என்று நினைப்பது தப்பு. உண்மையானவர்களாக இருப்பதால்தான் அவர்கள் இவ்வளவு பயன்படுகிறார்கள்.

நோட்டீஸ் ஒட்டுகிற சின்னக் கடை மட்டும்தான் இப்படி என்றில்லை. 2025 ஆகஸ்டில் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் விஎல்சிசி நிறுவனத்துக்கு 3 லட்சம் ரூபாய் அபராதம் போட்டது. கூல்ஸ்கல்ப்டிங் என்ற, கொழுப்பைக் குளிரூட்டும் கருவியை வைத்து, ஒரே அமர்வில் 600 கிராமும் 7 சென்டிமீட்டரும் குறையும் என்ற ரகத்தில் விளம்பரம். அந்தக் கருவிக்கு அமெரிக்க அனுமதி இருப்பது உண்மை. ஆனால் அது உடல் நிறை குறியீட்டெண் 30 வரை உள்ளவர்களுக்கு, குறிப்பிட்ட இடத்துச் சதைத் திரட்சியைக் குறைக்க மட்டும். எடை குறைக்க அல்ல. குளிரில் செத்த கொழுப்பு செல்களை உடம்பு அப்புறப்படுத்தவே இரண்டு மூன்று மாதம் ஆகும். அப்புறம் அன்றைக்கே 600 கிராம் எங்கே போகும்?

இதையெல்லாம் கிண்டலாகவே எழுதிவிட்டுப் போயிருப்பேன். மதுரைச் செய்தி விடவில்லை. 2026 ஜனவரியில் அங்கே 19 வயதுக் கல்லூரி மாணவி ஒருவர், எடை குறையும் என்று யூடியூப் வீடியோவில் பார்த்து, நாட்டு மருந்துக் கடையில் வெங்காரம் வாங்கிச் சாப்பிட்டார். வாந்தியும் வயிற்றுப்போக்குமாகி இறந்துபோனார். வெங்காரம் என்பது போராக்ஸ். நகைப் பட்டறையில் பொன்னைப் பற்றவைக்கப் பயன்படுவது. டீயும் வெங்காரமும் ஒன்று என்று சொல்ல மாட்டேன், நச்சில் இரண்டுக்கும் மலைக்கும் மடுவுக்குமான தூரம். ஆனால் வயிறு கலங்கினால் 'கழிவு வெளியேறுது, வேலை செய்யுது' என்று பொறுத்துக்கொள்ளும் பழக்கத்தை இந்த டீ விளம்பரங்கள்தான் வீடு வீடாக விதைத்திருக்கின்றன. அபாய அறிகுறியையே குணமாகிற அறிகுறி என்று சொல்லிக் கொடுத்த பிறகு, ஒருவர் எந்த இடத்தில் நிறுத்துவார்?

எடைப் பிரச்சினை கற்பனை என்றும் யாரும் சொல்ல வேண்டாம். 2019-21 தேசிய குடும்பநலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 40.4 சதவீதம் பேருக்கும் ஆண்களில் 37 சதவீதம் பேருக்கும் அதிக எடை அல்லது உடல் பருமன். இப்போது உண்மையாகவே வேலை செய்கிற ஊசி மருந்துகள் வந்திருக்கின்றன. செமாகுளுடைட் சோதனையில் சராசரியாக 14.9 சதவீத எடை குறைந்தது. 68 வாரத்தில். வெற்று ஊசி போட்டவர்களுக்கு 2.4 சதவீதம். பக்க விளைவும் உண்டு, விலையும் உண்டு, மருத்துவர் கண்காணிப்பும் வேண்டும். இருந்தாலும் அந்த 2.4-ஐ அவர்கள் மறைக்கவில்லை பாருங்கள். எந்த டீ பாக்கெட்டிலாவது அப்படி ஒரு எண் இருக்கிறதா?

சட்டம் இல்லையா என்றால், இருக்கிறது. 1954-ஆம் வருட மருந்து மற்றும் மாய நிவாரணங்கள் சட்டத்தின் அட்டவணையில் உடல் பருமனும் உண்டு. அதைக் குணமாக்கும் என்று மருந்தை விளம்பரம் செய்தால் முதல் தடவைக்கு ஆறு மாதம் வரை சிறை. விளம்பரம் என்பதற்கு அந்தக் காலத்து ஆட்கள் எழுதிய விளக்கம் ரசிக்கத்தக்கது. நோட்டீஸ், மேலுறை, வாய்ச்சொல், ஒளி, ஒலி, புகை எல்லாம் அடக்கம். புகையைக் கூட விடவில்லை! ஆனால் உடலின் இயக்கத்தைப் பாதிக்கும் எந்தப் பொருளும் மருந்துதான் என்று சொல்கிற வரியில், 'உணவு நீங்கலாக' என்று ஒரு விலக்கும் சேர்த்து வைத்தார்கள். சித்தி குடித்த டீ பாக்கெட்டின் ஓரத்தில் மருந்து உரிம எண் கிடையாது. உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் 14 இலக்க எண்தான் இருந்தது.