பழைய மடிக்கணினிக்காக ரவுட்டரின் பாதுகாப்பைக் குறைக்கலாமா?

பத்துப் பதினைந்து ஆண்டுகள் உழைத்த மடிக்கணினியைத் தூக்கிப்போட எளிதில் மனம் வராது. திரையில் பழுதில்லை, விசைப்பலகையும் நன்றாக இருக்கிறது. புதிய ரவுட்டரின் வைஃபையில் மட்டும் இணைய மறுக்கிறது. அப்போது பலரும் கையாளும் வழி, ரவுட்டரின் செட்டிங்ஸைத் திறந்து, மடிக்கணினி இணையும்வரை பாதுகாப்பைப் படிப்படியாகக் குறைப்பது.

இதில் நியாயம் இல்லாமலில்லை. பணச்செலவு கிடையாது, ஓடுகிற கணினி மின்கழிவாகாமல் தப்புகிறது. வைஃபையின் புதிய பாதுகாப்பு முறையான டபிள்யூபிஏ3 அறிமுகமானதே 2018-இல்தான். அதற்கு முந்தைய மடிக்கணினி அதனுடன் இணையாவிட்டால் வியப்பில்லை. ஒரு படி இறங்கி, ஏஇஎஸ் குறியாக்கத்துடன் கூடிய டபிள்யூபிஏ2-ஐ வைப்பதில் தவறும் இல்லை. கடவுச்சொல் நீளமாகவும் ஊகிக்க முடியாததாகவும் இருந்தால் வீட்டுக்கு அது இன்றும் போதும்.

சிக்கல் அதற்குக் கீழே இறங்கும்போதுதான். 2006 மார்ச் முதல் வைஃபை சான்று பெறும் கருவிகளுக்கு டபிள்யூபிஏ2 கட்டாயமாகிவிட்டது. ஆகவே பெரும்பாலான பழைய மடிக்கணினிகளுக்கு இன்னும் கீழே போக வேண்டிய தேவையே இல்லை. ஆனாலும் டிகேஐபி, டபிள்யூஇபி என்ற பழைய, பலவீனமான முறைகளுக்கு இறங்குகிறவர்கள் இருக்கிறார்கள்.

டபிள்யூஇபியின் அடிப்படைக் குறையை ஃப்ளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவரும் 2001-லேயே வெளிப்படுத்திவிட்டனர். 2007-இல் ஜெர்மனியின் டார்ம்ஸ்டாட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் அதன் சாவியை ஒரு நிமிடத்துக்குள் கண்டறியலாம் என்று காட்டினார்கள். அமெரிக்காவின் டிஜேஎக்ஸ் கடைத்தொகுதி இதற்குக் கொடுத்த விலை பெரிது. டபிள்யூஇபியிலிருந்து மாறுவதில் அது தாமதித்தது. கடையின் வைஃபை வழியாக உள்ளே புகுந்தவர்கள் நான்கரைக் கோடிக்கும் மேற்பட்ட அட்டை எண்களைத் திருடினார்கள்.

இன்னும் இறங்கி, கடவுச்சொல்லே இல்லாமல் திறந்துவைக்கும் வைஃபையின் ஆபத்து இந்தியாவுக்கும் தெரிந்ததே. 2008 ஜூலையில் அகமதாபாத் குண்டுவெடிப்புக்குச் சற்று முன் வந்த மிரட்டல் மின்னஞ்சல், நவி மும்பையில் பாதுகாப்பின்றி இருந்த ஒரு வீட்டு வைஃபை வழியாக அனுப்பப்பட்டது. விசாரணை முதலில் போய் நின்றது அந்த வீட்டுக்காரரிடம்தான்.

வேகத்திலும் இழப்பு உண்டு. 802.11என் என்ற வைஃபை தரத்தின் உயர்வேகம் டபிள்யூஇபியுடனோ டிகேஐபியுடனோ இயங்காது. இணைப்பு 54 எம்பிபிஎஸ் அளவுக்குச் சுருங்கிவிடும். ஒரு மடிக்கணினிக்காகச் செய்த மாற்றத்தின் சுமை வீட்டிலுள்ள எல்லாக் கருவிகளின் மேலும் விழுகிறது.

வைஃபையின் பெயரை மறைப்பதும், கருவிகளின் மேக் முகவரிகளைப் பட்டியலிட்டு அனுமதிப்பதும் வலுவான குறியாக்கத்துக்கு மாற்றாகா. பெயரும் முகவரியும் காற்றில் வெளிப்படையாகவே செல்வதால் இரண்டையும் எளிதில் பிடித்துவிடலாம்.

மாற்ற வேண்டியது மடிக்கணினியின் பக்கத்தைத்தான். முதலில் டிரைவரைப் புதுப்பிக்கலாம். அது பயன்படாவிட்டால் விலை குறைந்த யுஎஸ்பி வைஃபை அடாப்டர் ஒன்று போதும். அந்த இயங்குதளத்துக்கு அதன் டிரைவர் கிடைக்கிறதா என்று மட்டும் வாங்கும் முன்பே பார்த்துக்கொள்ள வேண்டும். ஒரே மேசையில் இருக்கும் கணினியென்றால் ஈதர்நெட் கேபிளே சிறந்தது.

இயங்குதளத்தையும் மறக்கக் கூடாது. 2017-இல் மேத்தி வான்ஹோஃப் வெளிப்படுத்திய கிராக் குறை டபிள்யூபிஏ2-ஐயே பாதித்தது; மென்பொருள் புதுப்பிப்புதான் அதைச் சரிசெய்தது. 2014-லேயே ஆதரவு முடிந்துபோன விண்டோஸ் எக்ஸ்பியை வைத்துக்கொண்டு ரவுட்டரை மட்டும் பலப்படுத்துவது அரைகுறை வேலை. அத்தகைய கணினியில் இலகுவான லினக்ஸ் ஒன்றை நிறுவுவது நல்லது.

பழைய மடிக்கணினியைக் காப்பாற்றும் எண்ணம் பாராட்டத்தக்கது. அதற்காக வீட்டு வைஃபை முழுவதையும் பலவீனமாக்குவதை ஏற்க முடியாது. உங்கள் ரவுட்டரின் செட்டிங்ஸை இன்றே திறந்து பாருங்கள். டபிள்யூஇபி, டிகேஐபி இரண்டில் எது இருந்தாலும் டபிள்யூபிஏ2-ஏஇஎஸ்ஸுக்கு மாற்றுங்கள். கடவுச்சொல் இல்லாமல் இணைய உதவும் டபிள்யூபிஎஸ் வசதியையும் அணைத்துவிடுங்கள்.