வாட் கணக்கும் காதின் கணக்கும்

வீட்டுத் திரையரங்கு ஸ்பீக்கர்கள் பற்றி ஒரு விமரிசனம்

சென்ற தீபாவளியை ஒட்டி, கொரட்டூரில் வீட்டுவசதி வாரியக் குடியிருப்பில் வசிக்கும் நண்பர் ஒருவர் என்னை வீட்டுக்கு அழைத்தார். போனஸ் பணத்தோடு கைப்பணத்தையும் சேர்த்து, பழைய இரண்டு ஸ்பீக்கர்களைக் கழித்துவிட்டு, புதிய செட் ஒன்று வாங்கியிருந்தார். ஐந்து சிறு ஸ்பீக்கர்கள், ஒரு சப்வூஃபர். கட்டிலுக்கடியில் பத்திரமாக வைத்திருந்த அட்டைப்பெட்டியின் மேல் '5000 வாட்' என்று கொட்டை எழுத்தில் அச்சிட்டிருந்தது.

படம் ஓடியது. ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. சமையலறையில் எவர்சில்வர் டம்ளர்கள் கிணுகிணுத்தன. படம் முடிந்ததும் நண்பரின் தாயார் சொன்னார்: "சத்தமெல்லாம் நல்லாத்தான் இருக்கு. யாரு என்ன பேசறாங்கன்னுதான் எனக்குப் புரியல."

நண்பர் என் பக்கம் திரும்பினார். "அதான் சார், அடுத்த வருஷம் இதைவிட பவர் அதிகமா ஒண்ணு பார்க்கலாம்னு இருக்கேன்."

வாசக நண்பரே, அந்த ஒரு வாக்கியத்துக்காகவே இந்தக் கட்டுரையை எழுதுகிறேன். பேச்சு புரியாத குறைக்கு வாட் மருந்தாகுமா? நம் வீட்டுப் பணத்தைக் கேட்கும் அந்த எண் உண்மையில் எதைச் சொல்கிறது? சற்று ஆராய்வோம்.

5000 வாட் எங்கிருந்து வரும்?

பள்ளியில் படித்த ஆற்றல் அழிவின்மை விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். ஸ்பீக்கருக்குச் செல்லும் மின்சாரம் உங்கள் வீட்டுச் சுவரிலிருந்துதான் வரவேண்டும். விளக்கு, மின்விசிறி, டெலிவிஷன் ஆகியவற்றுக்கு நாம் பயன்படுத்தும் சாதாரண பிளக் 6 ஆம்பியர் தாங்கக் கூடியது. மின்னழுத்தம் 230 வோல்ட். இரண்டையும் பெருக்கினால் 1380 வாட். அந்தப் பிளக்கின் வழியே தொடர்ச்சியாக 5000 வாட் வந்தால் ஃபியூஸ் போகும்; அல்லது வயர் தீயும். இரண்டும் நிகழவில்லை என்றால், அந்த 5000 வாட் வரவே இல்லை என்பது பொருள்.

பின் அந்த எண் எப்படி வந்தது? 'பி.எம்.பி.ஓ.' என்ற ஒரு கணக்கு உண்டு. ஆம்ப்ளிஃபயரின் மின்தேக்கிகளில் சேர்ந்துள்ள மின்னூட்டம் கண்ணிமைக்கும் நேரத்தில் வெளிப்பட்டால் எவ்வளவு திறன் கிட்டும் என்று கற்பனை செய்து, ஆறு ஸ்பீக்கர்களுக்கும் சேர்த்துக் கூட்டிப் போடும் எண் அது. இந்தக் கணக்குக்கு எல்லோரும் ஏற்ற வரையறை கிடையாது. ஆகவே ஒரே கருவியை ஒருவர் 1000 என்றும் மற்றவர் 5000 என்றும் சொல்லலாம்.

இந்த நோய் புதிதன்று. அமெரிக்காவில் இப்படிப்பட்ட எண்கள் பெருகியதால்தான், 1974ஆம் ஆண்டு அந்நாட்டுக் கூட்டாட்சி வணிக ஆணையம் ஒரு விதி கொண்டுவந்தது. வாட் என்று விளம்பரம் செய்தால் அது தொடர்ச்சியான திறனாக இருக்கவேண்டும். எந்த அதிர்வெண்ணிலிருந்து எந்த அதிர்வெண் வரை, எவ்வளவு உருக்குலைவுடன் என்பதையும் சொல்லவேண்டும் என்றது அவ்விதி.

கடையில் நீங்களும் அதையே கேளுங்கள். 'ஆர்.எம்.எஸ். வாட் எவ்வளவு? எத்தனை சதவீத உருக்குலைவில் அளந்தது?' 10 சதவீதத்தில் அளந்த வாட்டும் 1 சதவீதத்துக்குக் கீழே அளந்த வாட்டும் ஒன்றல்ல. பத்துச் சதவீதம் என்றால் குரல் கரகரக்கத் தொடங்கிவிட்ட நிலை.

காதின் கணக்கு வேறு

எண் உண்மையாகவே இருந்தாலும் இன்னொரு சிக்கல் உண்டு. நம் காது வாட்டைக் கூட்டல் கணக்கில் உணர்வதில்லை. திறனை இருமடங்காக்கினால் ஒலி 3 டெசிபெல் மட்டுமே உயரும். ஒலி இருமடங்கு உரத்ததாகத் தோன்ற ஏறக்குறைய 10 டெசிபெல், அதாவது பத்து மடங்கு திறன் வேண்டும். 100 வாட் செட்டை விற்று 200 வாட் செட் வாங்குபவர் காதுக்குக் கிடைப்பது சற்றே தெரியும் வித்தியாசம்தான்.

நமக்கு உண்மையில் எத்தனை வாட் வேண்டும்? 1 வாட் கொடுத்து 1 மீட்டர் தொலைவில் அளக்கும் ஒலியை ஸ்பீக்கரின் உணர்திறன் என்கிறோம். அது 86 டெசிபெல் என்று வைத்துக்கொள்வோம். 3 மீட்டர் தள்ளி உட்கார்ந்தால் திறந்த வெளியில் சுமார் 9½ டெசிபெல் குறையும். அறைக்குள் சுவர்கள் திருப்பித் தருவதால் இழப்பு இன்னும் குறைவு. ஆக, 1 வாட்டிலேயே 76 டெசிபெல்லுக்கு மேல் உங்கள் காதை எட்டுகிறது. சாதாரண உரையாடல் 60 டெசிபெல் அளவு. வெடிச் சத்தம் போன்ற திடீர் உச்சங்களுக்காக 20 டெசிபெல் கூடுதலாக ஒதுக்கினாலும் 100 வாட் போதும். பேச்சுக்கோ ஒரு வாட்டே அதிகம்!

எனவே வாட்டைவிட உணர்திறனைப் பாருங்கள். 86க்குப் பதில் 89 டெசிபெல் உள்ள ஸ்பீக்கரை வாங்கினால், ஆம்ப்ளிஃபயரை இருமடங்காக்கியதற்குச் சமம். அப்படியிருந்தும், பெட்டியின் மேல் பெரிய எழுத்தில் வாட் இருக்கும். உணர்திறன் பல செட்டுகளில் உள்ளே இருக்கும் தாளில்கூட இராது.

மெத்தைகளைச் சுமந்த பேராசிரியர்

சரி, அந்தத் தாயாருக்குப் பேச்சு ஏன் புரியவில்லை?

1895ஆம் ஆண்டு ஹார்வர்டு பல்கலைக்கழகத்திலும் இதே புகார்தான். அங்கே ஃபாக் கலைக்கூடத்தின் விரிவுரை மண்டபத்தில் பேசுபவர் சொல்வது யாருக்கும் விளங்கவில்லை. அதைச் சரிசெய்யும்படி வாலஸ் சாபின் என்ற இளம் இயற்பியலாரிடம் ஒப்படைத்தார்கள். அவரிடமிருந்த கருவிகள் ஓர் ஆர்கன் குழலும் ஒரு நிறுத்துகடிகாரமும்தான். குழலை ஊதி நிறுத்தியபின் ஒலி முற்றிலும் அடங்க, காலி மண்டபத்தில் சுமார் ஐந்தரை விநாடி ஆயிற்று! பக்கத்து அரங்கின் இருக்கை மெத்தைகளை இரவில் சுமந்து வந்து அடுக்கி, மெத்தை கூடக்கூட இந்த எதிர்முழக்க நேரம் எப்படிக் குறைகிறது என்று அளந்தார். அதிலிருந்து பிறந்ததே இன்றும் கட்டடக் கலைஞர்கள் பயன்படுத்தும் சாபின் சூத்திரம்: அறையின் கன அளவை 0.161ஆல் பெருக்கி, அறையிலுள்ள மொத்த ஒலி உட்கவர்ச்சியால் வகுத்தால் எதிர்முழக்க நேரம் கிடைக்கும். (கன அளவு கன மீட்டரில், உட்கவர்ச்சி சதுர மீட்டரில்.)

இதை நண்பரின் அறைக்குப் போட்டுப் பார்த்தேன். 12 அடி நீளம், 10 அடி அகலம், 10 அடி உயரம். கன அளவு 34 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து 63 சதுர மீட்டர் பரப்பு. பூசிய சுவரும் மொசைக் தரையும் தம்மேல் விழும் ஒலியில் சுமார் 3 சதவீதத்தையே விழுங்கும். ஆகவே உட்கவர்ச்சி 1.9 சதுர மீட்டர். விடை: ஏறத்தாழ 3 விநாடி. இது காலி அறைக்கு. நண்பரின் வீட்டில் ஒரு பிரம்பு சோபா, மூன்று பிளாஸ்டிக் நாற்காலிகள், ஜன்னலில் மெல்லிய திரை. காலி அறைக்கும் அதற்கும் அதிக வேற்றுமை இல்லை.

பட்டு, கட்டு, தட்டு ஆகிய சொற்களைப் பாருங்கள். முதல் எழுத்தின் மெய்யொலிதான் அவற்றை வேறுபடுத்துகிறது. மெய்யொலிகள் வலுக் குறைந்தவை, குறுகியவை. உயிரொலிகள் வலுவானவை, நீண்டவை. எதிர்முழக்கம் மிகுந்த அறையில் முன் அசையின் உயிரொலி இன்னும் ஓய்ந்திருக்காது. அடுத்த மெய் அதனடியில் அமிழ்ந்துபோகும். முதுமையில் உயர் அதிர்வெண்களைக் கேட்கும் திறன் முதலில் குறைவதால், முதியோரே இதில் முதலில் தோற்கிறார்கள். இந்நிலையில் வாட்டைக் கூட்டினால் என்ன ஆகும்? பேச்சும் உயரும், எதிர்முழக்கமும் அதே அளவு உயரும். இரண்டுக்கும் உள்ள விகிதம் மாறாது. நண்பரின் அடுத்த வருடத் திட்டம் ஏன் பலிக்காது என்பது இப்போது விளங்கும்.

அறையின் சொந்தச் சுருதி

பெட்டிக்குள் இல்லாத இன்னொன்றும் உண்டு. எதிரெதிர்ச் சுவர்களுக்கிடையே ஒலி நிலையலைகளாகத் தங்கும். 12 அடி நீளத்துக்கு இது சுமார் 47 ஹெர்ட்ஸ். 10 அடிக்கு 57 ஹெர்ட்ஸ். அகலமும் உயரமும் ஒன்றாக இருந்தால் இரண்டும் ஒரே அதிர்வெண்ணில் சேர்ந்து முழங்கும். இந்த எண்களில் சுவரோரம் ஒலி மிகும். அறையின் நடுவே ஏறக்குறைய மறையும். அந்த 'தும் தும்' என்ற ஒலி இசையமைப்பாளர் தந்ததன்று; நம் கொத்தனார் தந்தது!

சப்வூஃபரை மூலையில் திணித்தால் இது உச்சமடையும். எளிய வழி ஒன்று சொல்கிறேன். சப்வூஃபரை நீங்கள் உட்காரும் இடத்தில் வைத்து, தாழ்ந்த சுரங்கள் உள்ள பாட்டைப் போட்டுவிட்டு, சுவரோரமாகத் தவழ்ந்து வாருங்கள். எங்கே ஒலி சீராகக் கேட்கிறதோ அங்கே சப்வூஃபரை வையுங்கள். குழந்தைகள் சிரிப்பார்கள், பரவாயில்லை.

தாழ்ந்த அதிர்வெண்கள் சுவரை எளிதில் ஊடுருவும் என்பதையும் அடுக்குமாடியில் வாழ்வோர் மறக்கலாகாது. 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவில் 45 டெசிபெல் என வரம்பு கட்டியுள்ளன. அடுத்த வீட்டில் பத்தாம் வகுப்புப் பிள்ளை படித்துக்கொண்டிருக்கலாம்.

மறுபக்கத்து மயக்கம்

மலிவுச் செட்டுகளை மட்டும் குறைகூறினால் நியாயமாகாது. விலையுயர்ந்த உலகிலும் மயக்கம் உண்டு. மீட்டருக்கு ஆயிரக்கணக்கில் விலை சொல்லும் ஸ்பீக்கர் வயர்களைக் காட்டி, 'இதைப் போட்டால் ஒலி திறந்துவிடும்' என்பார்கள். 1.5 சதுர மில்லிமீட்டர் செப்பு வயர் 5 மீட்டர் தூரம் போய்வர மின்தடை சுமார் 0.12 ஓம். 8 ஓம் ஸ்பீக்கருக்கு இதனால் வரும் இழப்பு 0.15 டெசிபெல்கூட இல்லை. அதை எந்தக் காதும் அறியாது. எலெக்ட்ரிகல் கடையில் கிடைக்கும் சாதாரண வயரே போதும்.

ஐந்து ஸ்பீக்கர் முறையில் நல்லதும் உண்டு, அதையும் சொல்லவேண்டும். உரையாடலின் பெரும்பகுதியை நடு ஸ்பீக்கருக்கே தருகிறார்கள். பேச்சு திரையிலிருந்தே வருவதுபோல் தோன்ற அது உதவுகிறது. ஆனால் அதை முறையாக வைக்கவேண்டும். முன் இரண்டும் கேட்பவருக்கு இருபுறமும் 30 பாகையில், பின் இரண்டும் 110 பாகை அளவில், நடு ஸ்பீக்கர் நேரெதிரே என்பது பன்னாட்டுப் பரிந்துரை. நண்பர் வீட்டில் நடு ஸ்பீக்கர் ஷோகேஸுக்குள், தலையாட்டி பொம்மைக்குப் பின்னால் இருந்தது. பின் ஸ்பீக்கர்கள் இரண்டும் ஒரே பீரோவின் மேல்!

எதை முதலில் மாற்றுவது?

ரிச்சி தெருவுக்கு மின்ரயில் ஏறுமுன் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீட்டிலேயே செலவிடுங்கள். நாங்கள் அதைத்தான் செய்தோம். நடு ஸ்பீக்கரை வெளியே எடுத்து, உட்காருபவரின் காதை நோக்கிச் சாய்த்தோம். அதன் ஒலியளவை மட்டும் 3 டெசிபெல் கூட்டினோம். சப்வூஃபரை மூலையிலிருந்து இழுத்துக் குறைத்து வைத்தோம். ஜன்னலுக்குக் கனமான திரைத்துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. தரையில் ஜமுக்காளம், பின்சுவரை ஒட்டி, பரணில் கிடந்த இரண்டு இலவம்பஞ்சு மெத்தைகள். எல்லாம் சேர்ந்து, உட்கார்ந்திருக்கும் நான்கு பேரையும் கணக்கில் கொண்டால் உட்கவர்ச்சி 10 சதுர மீட்டரை நெருங்கும். எதிர்முழக்கம் அரை விநாடி அளவுக்கு இறங்கும். திரைத்துணிக்கு மட்டுமே செலவு.

அதே படத்தை மீண்டும் போட்டோம். ஒலியளவு முன்னைவிடக் குறைவு. டம்ளர்கள் கிணுகிணுக்கவில்லை. பாதிப் படத்தில் அந்த அம்மையார் வாய்விட்டுச் சிரித்தார். திரையில் ஒருவர் முணுமுணுப்பாகச் சொன்ன நகைச்சுவைக்குத்தான்.

இதற்குப் பிறகும் குறை தெரிந்தால் கடைக்குப் போங்கள். முதலில் நல்ல முன் ஸ்பீக்கர்கள், அடுத்து நடு ஸ்பீக்கர், கடைசியாகச் சப்வூஃபர் என்ற வரிசையில் பணத்தைப் போடுங்கள். உங்களுக்கு நன்கு பழகிய ஒரு பாட்டையும், நிறையப் பேச்சு உள்ள ஒரு காட்சியையும் எடுத்துச் செல்லுங்கள். இரண்டு செட்டுகளை ஒப்பிடும்போது ஒலியளவைச் சமமாக வைக்கச் சொல்லுங்கள். சற்றே உரக்க ஒலிப்பது எப்போதும் நல்லதாகத் தோன்றும். கடைக்காரர் அறிவார் அதை.

முடிந்தால் வீட்டிலுள்ள முதியவரையும் உடன் அழைத்துச் செல்லுங்கள். பேச்சு விளங்குகிறதா என்று அவரைக் கேளுங்கள். பெட்டியின் மேலுள்ள எந்த எண்ணைவிடவும் அவருடைய விடையே நம்பத்தக்க அளவுகோல்.