யார் வரவில்லை என்று கேளுங்கள்

1954-இல் ஸ்டாக்ஹோமில் நடந்த உலக ஐஸ் ஹாக்கி சாம்பியன் போட்டிக்குக் கனடா அனுப்பிய அணியின் பெயர் ஈஸ்ட் யார்க் லிண்ட்ஹர்ஸ்ட்ஸ். டொரான்டோவை ஒட்டிய பகுதியில் ஒரு கார் விற்பனை நிறுவனத்தின் பெயரைத் தாங்கி ஆடிவந்த, உள்ளூர் அளவிலேயே இரண்டாம் நிலை அணி அது. அந்த அணி முந்தைய ஆட்டங்கள் அத்தனையையும் வென்று கடைசி ஆட்டத்துக்கு வந்தது. டிரா செய்தாலே கோப்பை. எதிரே நின்றது, இந்தப் போட்டிக்கு அந்த ஆண்டுதான் முதன்முதலாக வந்திருந்த சோவியத் யூனியன். மார்ச் 7 அன்று ஆட்டம் முடிந்தபோது சோவியத் 7, கனடா 2.

கனடாவில் அதைத் தேசிய அவமானமாகவே பார்த்தார்கள். அந்த வீரர்கள்மீது விழுந்த பழி நியாயமற்றது என்பது என் கருத்து. அந்நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களான கோர்டி ஹோவும் மொரிஸ் ரிச்சர்டும் அப்போது வட அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.எச்.எல். கிளப்புகளில் சம்பளத்துக்கு ஆடிக்கொண்டிருந்தார்கள். சம்பளம் வாங்குகிறவர் நாட்டுக்காக ஆடக்கூடாது என்பது சர்வதேச விதி. இந்த ஒரு விதிதான் ஐஸ் ஹாக்கி நாடுகளுக்கு இடையிலான போட்டிகளின் வரலாற்றையே வளைத்தது. இந்த விளையாட்டின் தங்கப் பதக்கப் பட்டியலைப் படிக்கும்போது, அந்த ஆண்டு யார் வென்றார்கள் என்பதோடு யார் வரவில்லை என்பதையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

தொடக்க காலத்தில் இது யாருக்கும் உறைக்கவில்லை. சர்வதேச ஐஸ் ஹாக்கி சங்கம் 1908-இல் பாரிஸில் உருவானது. முதல் ஒலிம்பிக் ஐஸ் ஹாக்கி நடந்தது 1920-இல், கோடைக்கால ஒலிம்பிக்கான ஆன்ட்வெர்ப்பில். அங்கே வென்ற வின்னிபெக் ஃபால்கன்ஸ், பெரும்பாலும் ஐஸ்லாந்திலிருந்து குடியேறிய குடும்பங்களின் பிள்ளைகள் சேர்ந்த கனடிய கிளப். 1924-இல் ஷாமோனியில் டொரான்டோ கிரானைட்ஸ் அணி சுவிட்சர்லாந்தை 33-0 என்று வென்றது. 1930 உலகச் சாம்பியன் போட்டியில் கனடாவை நேராக இறுதி ஆட்டத்திலேயே இறக்கினார்கள், மற்றவர்களோடு மோதவிடுவது வீண் என்று. ஒரு சாதாரண கிளப்பை அனுப்பினால்கூட உலகத்தை வெல்லலாம் என்ற நம்பிக்கை கனடாவில் அப்போதே வேர்விட்டது.

1936-இல் அதற்குப் பெரிய அடி விழுந்தது. ஒலிம்பிக் தங்கத்தைப் பிரிட்டன் வென்றது. கனடாவை 2-1 என்று தோற்கடித்தது. ஆனால் அந்தப் பிரிட்டிஷ் அணியில் பெரும்பாலானோர் கனடாவில் வளர்ந்தவர்கள், ஆட்டத்தை அங்கே கற்றவர்கள். கோல்கீப்பர் ஜிம்மி ஃபாஸ்டர் கிளாஸ்கோவில் பிறந்து வின்னிபெக்கில் வளர்ந்தவர்.

வராதவர்களின் கதையில் என்னை மிகவும் உலுக்குவது செக்கோஸ்லோவாக்கியாவின் கதை. 1947-இல் பிராகில் உலகச் சாம்பியன், 1948 ஒலிம்பிக்கில் வெள்ளி என்று எழுந்துவந்த அணி அது. 1948 நவம்பரில் ஆங்கிலக் கால்வாய்க்கு மேலே பறந்த விமானம் காணாமல் போனதில் தேசிய அணி வீரர்கள் ஆறு பேர் இறந்தார்கள். சில மாதங்களில், மீதமிருந்தவர்களை வைத்தே 1949-இல் மீண்டும் உலகச் சாம்பியன் ஆனார்கள். அந்த ஆண்டு கோடையில் அணியின் முன்னாள் நட்சத்திரம் யாரோஸ்லாவ் த்ரோப்னி நாடு திரும்ப மறுத்துவிட்டார். டென்னிஸ் ரசிகர்களுக்கு அவரைத் தெரிந்திருக்கும். 1954-இல் எகிப்தின் பெயரில் விம்பிள்டன் வென்றவர் அவர்தான். 1950 மார்ச்சில் லண்டனில் பட்டத்தைத் தக்கவைக்கப் புறப்பட்ட அணியைப் பிராக் விமான நிலையத்திலேயே ஆட்சியாளர்கள் நிறுத்திவிட்டார்கள். வெளிநாட்டிலேயே தங்கிவிடுவார்கள் என்ற சந்தேகம். அடுத்த சில நாட்களில் வீரர்கள் கைதானார்கள். கோல்கீப்பர் போஹுமில் மோட்ரிக்கு 15 ஆண்டு சிறை விதிக்கப்பட்டது. உலகின் முதல்தரக் கோல்கீப்பர்களில் ஒருவர் யுரேனியச் சுரங்கத்துக்குப் போனார். விடுதலையாகி, 1963-இல் 46 வயதில் இறந்தார். 1950-இல் லண்டனில் கோப்பையை வாங்கியது கனடா.

சோவியத் 1954-இல் வந்தபோது, அதன் முறைப்படியான ஐஸ் ஹாக்கி லீக்குக்கு வயது எட்டுகூட ஆகவில்லை. ஆனால் அதற்கு முன்பே ரஷ்யர்கள் பேண்டி ஆடிவந்தார்கள். கால்பந்து மைதானம் அளவுள்ள பனித்தளத்தில் அணிக்கு 11 பேர் சறுக்கியபடி பந்தை ஆடும் விளையாட்டு அது. இதுதான் அவர்களுடைய ஆட்டமுறைக்குத் திறவுகோல். விரிந்த வெளியில் பழகியவர்களுக்கு வேகமும் பாஸும் இயல்பாகவே வரும். இடித்துத் தள்ளுவதற்கு அங்கே எதிராளி பக்கத்திலேயே இருக்க மாட்டார். பயிற்சியாளர் அனத்தோலி தராசோவ் இந்த இயல்பை ஒரு முழு முறையாக்கினார். ஐந்து வீரர்களை ஒரே குழுவாக ஆண்டுக்கணக்கில் சேர்ந்தே ஆடவைத்தார். கோல் வாய்ப்பு கனியும்வரை அடிக்காதே, பாதை அடைபட்டால் ரப்பர் வட்டான பக்கைப் பின்னால் கொண்டுபோய் மறுபடி கட்டியெழுப்பு என்பது பாடம். கனடியர்கள் செய்தது நேர்மாறு. பக்கை எதிரணியின் எல்லைக்குள் எறிந்துவிட்டு, துரத்திப் போய், பலகைச் சுவரோரம் மோதிப் பறித்து, கோலை நோக்கி அடிப்பார்கள்.

சோவியத் வீரர்களும் அமெச்சூர்கள் அல்ல என்பதைச் சொல்லியாக வேண்டும். காகிதத்தில் ராணுவ அதிகாரிகள், மாணவர்கள். நடைமுறையில் ஆண்டு முழுவதும் ஹாக்கி மட்டுமே ஆடியவர்கள். 1955-இல் பென்டிக்டன் வீஸ் அணி அவர்களை 5-0 என்று வென்று கனடாவின் மானத்தைக் காத்தது. 1961-இல் ட்ரெய்ல் என்ற உலோக ஆலை நகரத்தின் ஸ்மோக் ஈட்டர்ஸ் அணி உலகச் சாம்பியன் ஆனது. அதற்குப் பிறகு 33 ஆண்டுகள் கனடாவுக்கு அந்தப் பட்டம் கிடைக்கவில்லை. 1963 முதல் 1971 வரை சோவியத் தொடர்ந்து ஒன்பது முறை வென்றது.

அந்த ஒன்பதிலும் இரண்டு தோல்விகள்தான் மக்கள் நினைவில் நிற்கின்றன. 1969 போட்டி பிராகில் நடந்திருக்க வேண்டியது. 1968 ஆகஸ்ட்டில் சோவியத் டாங்கிகள் நுழைந்ததால் ஸ்டாக்ஹோமுக்கு மாறியது. அங்கே செக்கோஸ்லோவாக்கியா சோவியத்தை 2-0, 4-3 என்று இரண்டு முறை வென்றது. சில வீரர்கள் சட்டையில் இருந்த சிவப்பு நட்சத்திரத்தை டேப் ஒட்டி மறைத்திருந்தார்கள். இரண்டாவது வெற்றியன்று இரவு செக்கோஸ்லோவாக்கிய நகரங்களில் லட்சக்கணக்கானோர் தெருவுக்கு வந்தார்கள். பிராகில் சோவியத் விமான நிறுவனமான ஏரோஃப்ளோட்டின் அலுவலகம் நொறுங்கியது. அதைக் காரணம் காட்டி மாஸ்கோ நெருக்கியது. ஏப்ரலில் செக்கோஸ்லோவாக்கிய கம்யூனிஸ்ட் கட்சித் தலைவர் துப்செக் பதவியிழந்தார். பட்டம் என்னவோ சோவியத்துக்குத்தான் போனது.

கனடா 1970-இல் பொறுமை இழந்தது. மான்ட்ரியாலிலும் வின்னிபெக்கிலும் நடத்தவிருந்த உலகப் போட்டியில் தொழில்முறை வீரர்களைச் சேர்க்க அனுமதி இல்லை என்றதும், போட்டியைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வெளியேறியது. 1977 வரை உலகப் போட்டிப் பக்கமே வரவில்லை. அந்த இடைவெளியில்தான் 1972 செப்டம்பரின் எட்டு ஆட்டத் தொடர் பிறந்தது. நான்கு கனடாவில், நான்கு மாஸ்கோவில். ஒருவழியாக என்.எச்.எல். நட்சத்திரங்களும் சோவியத்தும் நேருக்கு நேர்.

சோவியத் இளம் கோல்கீப்பர் த்ரெத்யாக் ஆடிய ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு, அவர் சுமாரானவர் என்று எதிரணியை நோட்டமிடப் போன கனடியர்கள் அறிக்கை கொடுத்தார்கள். மான்ட்ரியாலில் முதல் ஆட்டம் தொடங்கி 30 விநாடியில் கனடாவின் ஃபில் எஸ்போசிட்டோ கோல் போட்டார். ஏழு நிமிடத்துக்குள் 2-0. கடைசியில் 7-3 என்று சோவியத் வென்றது. கோடை விடுமுறையிலிருந்து நேராக வந்த கனடியர்களின் மூச்சு இரண்டாம் பகுதியிலேயே அடங்கிவிட்டது. சோவியத் முன்கள வீரர் கர்லாமோவ் தடுப்பாட்டக்காரர்களைச் சுற்றிக்கொண்டு போனபோது அவர்களால் திரும்பக்கூட முடியவில்லை. டொரான்டோவில் கனடா 4-1, வின்னிபெக்கில் 4-4, வான்கூவரில் சோவியத் 5-3. சொந்த ரசிகர்களே கூச்சலிட்டு விரட்டினார்கள். மாஸ்கோவின் முதல் ஆட்டத்தையும் சோவியத் 5-4 என்று எடுத்தது.

அங்கிருந்து கனடா மூன்று ஆட்டங்களையும் ஒரே கோல் வித்தியாசத்தில் வென்றது: 3-2, 4-3, 6-5. மூன்றிலும் வெற்றிக் கோல் பால் ஹெண்டர்சனுடையது. கடைசி ஆட்டத்தில் மூன்று பகுதிகளில் இரண்டு முடிந்தபோது 5-3 என்று பின்தங்கியிருந்தார்கள். 34 விநாடி மிச்சமிருக்கையில் வெற்றிக் கோல் விழுந்தது. இதை மன உறுதி என்று மட்டும் எழுதுவது சோம்பேறித்தனம். ஒரு மாதம் ஆடியதில் உடல் தயாராகிவிட்டது. இடையில் ஸ்வீடனில் இரண்டு ஆட்டம் ஆடி, 30 மீட்டர் அகலமான ஐரோப்பியப் பனித்தளத்துக்குப் பழகியிருந்தார்கள்; வட அமெரிக்கத் தளம் ஏறக்குறைய 26 மீட்டர்தான். எஸ்போசிட்டோ கோலுக்கு முன்னால் நங்கூரமிட்டது போல நின்று 13 புள்ளிகள் எடுத்தார். அவரை அங்கிருந்து நகர்த்தும் வித்தை சோவியத் தடுப்பாட்டத்திடம் இல்லை. ஆறாவது ஆட்டத்தில் கனடாவின் பாபி கிளார்க் ஸ்டிக்கால் கர்லாமோவின் கணுக்காலில் அடித்ததும் காரணங்களில் ஒன்று. கர்லாமோவ் ஏழாவது ஆட்டத்தில் ஆடவில்லை. அது விளையாட்டு அல்ல. அந்த வெற்றியிலிருந்து அந்தக் கறை இன்றும் போகவில்லை.

எட்டு ஆட்டங்களின் கோல்களைக் கூட்டிப் பாருங்கள். சோவியத் 32, கனடா 31. கடைசி ஆட்டம் டிராவில் முடிந்திருந்தால் கோல் கணக்கில் தாங்களே வென்றதாகச் சொல்ல சோவியத் தரப்பு தயாராக இருந்தது.

இந்தத் தொடரிலும் வராதவர்கள் உண்டு. என்.எச்.எல்.-க்குப் போட்டியான லீக்கில் சேர்ந்தார் என்பதற்காக பாபி ஹல்லைக் கனடா ஒதுக்கியது. பாபி ஆர் முழங்கால் காயத்தால் ஆடவில்லை. அந்தப் பக்கம், இந்த ஆட்டமுறையைக் கட்டிய தராசோவே பயிற்சியாளர் இருக்கையில் இல்லை. அந்த ஆண்டு ஒலிம்பிக்குக்குப் பிறகு விலகியிருந்தார். அவருடைய செல்லப் பிள்ளையான ஃபிர்சோவும் அணியில் இல்லை. முழு பலத்துக்கு எதிராக முழு பலம் என்று பார்த்தால், 1976-இல் தொடங்கிய கனடா கோப்பைதான் கிட்டத்தட்ட அதற்குப் பக்கத்தில் வந்தது. 1987 கனடா கோப்பையில் கனடாவும் சோவியத்தும் மோதிய மூன்று இறுதி ஆட்டங்களும் 6-5 என்றே முடிந்தன. மூன்றாவதில் கனடாவின் கிரெட்ஸ்கி தள்ளிக் கொடுத்த பக்கை லெமியூ கோலாக்கியபோது ஒன்றரை நிமிடம்கூட பாக்கியில்லை. நான் பார்த்த ஐஸ் ஹாக்கிப் பதிவுகளில் அதற்கு இணை இல்லை.

1980-இல் லேக் பிளாசிடில் அமெரிக்கக் கல்லூரி மாணவர்கள் சோவியத்தை 4-3 என்று வென்றதை உலகமே கொண்டாடுகிறது. அது தகும்; 13 நாட்களுக்கு முன்பு அதே அணியிடம் 10-3 என்று உதைபட்டவர்கள் அவர்கள். முதல் பகுதியோடு த்ரெத்யாக்கை வெளியே எடுத்த சோவியத் பயிற்சியாளரின் முடிவும் அந்த வெற்றிக்குப் பெரிய உதவி.

என்.எச்.எல். தன் பருவத்தை நிறுத்தி வீரர்களை ஒலிம்பிக்குக்கு முதன்முதலாக அனுப்பியது 1998 நாகானோவில்தான். அரையிறுதியில் கனடாவின் ஐந்து பெனால்டி முயற்சிகளையும் செக் கோல்கீப்பர் டொமினிக் ஹாஷெக் தடுத்தார். கிரெட்ஸ்கியை அந்த ஐவரில் ஒருவராக அனுப்பாத முடிவைக் கனடியர்கள் இன்னும் மன்னிக்கவில்லை. இறுதியில் ரஷ்யாவை 1-0 என்று வென்று செக் குடியரசு தங்கம் வாங்கியது. கனடாவின் 50 ஆண்டுக் காத்திருப்பு 2002-இல் முடிந்தது. 2018-லும் 2022-லும் என்.எச்.எல். வீரர்கள் மறுபடி வரவில்லை. ஆண்டுதோறும் நடக்கும் உலகப் போட்டியோ என்.எச்.எல்.-இன் ஸ்டான்லி கோப்பை ஆட்டங்கள் நடக்கும் அதே மே மாதத்தில் வருகிறது. கிளப் தோற்று வெளியேறினால்தான் வீரர் நாட்டுக்குக் கிடைப்பார். போட்டியை வேறு மாதத்துக்கு மாற்றாதவரை அதை உலகச் சாம்பியன் போட்டி என்று சொல்வதில் எனக்குத் தயக்கம் உண்டு.

பெண்கள் ஹாக்கியில் இந்தக் குறை கிடையாது. 1990-இல் ஒட்டாவாவில் முதல் உலகப் போட்டி நடந்தபோதே தலைசிறந்தவர்கள் வந்தார்கள், இன்றும் வருகிறார்கள். 1998 முதல் 2022 வரை ஏழு ஒலிம்பிக் தங்கங்களில் கனடா ஐந்தும் அமெரிக்கா இரண்டும் எடுத்ததால் இதைச் சலிப்பு என்கிறார்கள் சிலர். நான் ஏற்க மாட்டேன். 2019 எஸ்போ இறுதி ஆட்டத்தின் கூடுதல் நேரத்தில் பின்லாந்து போட்ட கோல் செல்லாது என்று நடுவர்கள் அறிவித்து, ஷூட் அவுட்டில் அமெரிக்கா வென்ற அந்த இரவைப் பார்த்தவர்கள் அப்படிச் சொல்ல மாட்டார்கள்.

2025 பிப்ரவரியில் நான்கு நாடுகள் தொடரை என்.எச்.எல். நடத்தியது. பாஸ்டனில் நடந்த இறுதி ஆட்டத்தில் மெக்டேவிட் கூடுதல் நேரத்தில் அடித்த கோலால் கனடா அமெரிக்காவை 3-2 என்று வென்றது. அபாரமான ஆட்டம். ஆனால் அழைக்கப்பட்டவை கனடா, அமெரிக்கா, ஸ்வீடன், பின்லாந்து மட்டும். ஜெர்மனியின் ட்ரைசைட்டிலுக்கும் செக் நாட்டின் பாஸ்தெர்னாக்குக்கும் இடமில்லை. 2022-இல் உக்ரைன்மீதான படையெடுப்பைத் தொடர்ந்து ரஷ்யாவைச் சர்வதேச சங்கம் விலக்கி வைத்தது. அந்தத் தடை சரி என்றே நானும் நினைக்கிறேன். தொடர் முடிந்து இரண்டே மாதத்துக்குள், கிரெட்ஸ்கியின் 894 கோல் சாதனையை முறியடித்தவர் ஒரு ரஷ்யர், அலெக்சாண்டர் ஒவெச்கின். ஒலிம்பிக்கில் அவர் கடைசியாக ஆடியது 2014-இல், சொந்த நாட்டின் சோச்சியில், காலிறுதியில்: பின்லாந்து 3, ரஷ்யா 1.