புள்ளியிடும் பொறியும் வன்னி மாணவரும்

கல்வி பற்றிய நமது விவாதங்களில் ஒரு வினா எப்போதும் பின்தள்ளப்பட்டுவிடுகிறது. எதைக் கற்பிப்பது என்று பேசுகிறோம்; எந்த மொழியில் கற்பிப்பது என்று பேசுகிறோம்; கற்றதை யார், எவ்வாறு மதிப்பிடுவது என்பதை மட்டும் பரீட்சைத் திணைக்களத்துக்கும் பல்கலைக்கழக மூதவைகளுக்கும் விட்டுவிட்டு அமைதியடைந்துவிடுகிறோம். ஆனால் மதிப்பீட்டு முறையே உண்மையான பாடத்திட்டம் என்பதை வகுப்பறையில் நிற்கும் எவரும் அறிவர். எதற்குப் புள்ளி உண்டோ அதையே மாணவர் படிப்பர். எதற்குப் புள்ளி இல்லையோ அது, எத்துணை உயர்ந்ததாயினும், நாளடைவில் வழக்கொழிந்துபோகும். ஆகவே புள்ளியிடும் கை மாறும்போது கல்வியும் மாறுகிறது. பல்கலைக்கழகக் கணிதத்தில் அந்தக் கை இன்று மனிதக் கையாக இல்லாமற் போகத் தொடங்கியிருக்கிறது.

2020ஆம் ஆண்டின் கொள்ளைநோய்க் காலத்தில் இலங்கைப் பல்கலைக்கழகங்கள் தமது கற்பித்தலை இணையத்துக்கு மாற்றின. மூடில் என்னும் கட்டற்ற மென்பொருளின்மீது அமைந்த கற்றல் தளங்கள் அதற்கு முன்னரே இருந்தன; ஆயினும் அவை மாணவரின் அன்றாட வாழ்வுக்குள் நுழைந்தது அப்போதுதான். கொள்ளைநோய் தணிந்தது, தளங்கள் நிலைத்துவிட்டன. ஒப்படையும் சிறு பரீட்சையும் அவற்றின் வழியாக நடப்பது இன்று புதுமையன்று. வன்னிப் பெருநிலத்தில் பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகம் 2021 ஆகஸ்டு முதலாம் திகதி முதல் தனிப் பல்கலைக்கழகமாக இயங்குகிறது. கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் பொறியியற் பீடமும் விவசாய பீடமும் உள்ளன. இங்கெல்லாம் கணிதம் ஒரு துணைப்பாடமன்று. பல பட்டங்களுக்கு அதுவே வாசற்படி. அந்த வாசலில் நிற்கும் காவலாளி யார் என்பது நமது அக்கறைக்குரிய வினாவாகும்.

தமிழ் கற்பிக்கும் ஒருவருக்கு இதில் என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். அதற்கான விடை இக்கட்டுரையின் நடுவிலேயே கிடைக்கும்.

பொறியைக் கொண்டு மாணவரைச் சோதிக்கும் எண்ணம் புதியதன்று. 1920களில் அமெரிக்க உளவியலாளர் சிட்னி பிரெசி பல்தேர்வு வினாக்களுக்குரிய ஒரு சோதனைப் பொறியைச் செய்து காட்டினார். 1953இல் தம் மகளின் கணித வகுப்பைப் பார்க்கச் சென்ற பி. எவ். ஸ்கின்னர், செய்த கணக்குச் சரியா பிழையா என்று அறிய முடியாமலே பிள்ளைகள் அடுத்த கணக்குக்குப் போவதைக் கண்டார். அவரது கற்பித்தற் பொறி அந்தக் குறையிலிருந்து பிறந்தது. குறை உண்மையானது. எமது வகுப்புகளிலும் கொப்பிகள் திருத்தப்பட்டுத் திரும்பும்போது பிழையைச் செய்த பிள்ளை அந்தப் பிழையையே மறந்துவிட்டிருக்கும்.

எனினும் அந்தப் பழைய பொறிகளுக்குக் கணிதம் தெரியாது. நான்கு விடைகளில் எந்தப் பொத்தான் அழுத்தப்பட்டது என்பதை மட்டுமே அவை அறிந்தன. இன்றைய கருவிகள் அவ்வாறல்ல. 1990களின் நடுவில் றொச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் எழுந்த வெப்வேர்க், பிரித்தானியாவின் நியூகாசிலில் உருவான நும்பாஸ், பேர்மிங்ஹாமில் கிறிஸ் சங்வின் 2004இல் தொடங்கி இன்று எடின்பரோவிலிருந்து வளர்க்கப்படும் ஸ்டாக் என்பன இவ்வகையில் குறிப்பிடத்தக்கவை. ஸ்டாக் மூடிலுக்குள்ளேயே இயங்குவது; ஆதலால் நமக்கு மிக அருகில் இருப்பது. மாணவர் விடையைத் தெரிவதில்லை. தாமே கோவையாகத் தட்டெழுதுகிறார். மாக்சிமா என்னும் அட்சரகணித மென்பொருள் அதனை ஆராய்கிறது. விரித்தெழுதினாலும் காரணிப்படுத்தி எழுதினாலும் இரண்டும் ஒன்றே என்று அது அறியும். தொகையீட்டு வினாவில் எதேச்சை மாறிலியை விட்டுவிட்டால் அதையும் சுட்டிக்காட்டும். ஒவ்வொரு மாணவருக்கும் வெவ்வேறு எண்களுடன் வினாவை அமைத்துக் கொடுக்கும்.

இதன் சிறப்பை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். “ஒற்றைச் சார்பு ஒன்றை எழுதுக” என்பது வினா. சரியான விடைகள் எண்ணற்றவை. ஒருவர் மாறியின் கனத்தை எழுதலாம்; ஒருவர் சைன் சார்பை எழுதலாம்; ஒருவர் இரண்டையும் கூட்டி எழுதலாம். இருநூறு மாணவரின் இருநூறு விடைகளைத் திருத்த மனிதருக்கு ஓர் இரவு வேண்டும். பொறியோ மாறியின் குறியை மாற்றி, முந்திய கோவையுடன் கூட்டி, பூச்சியம் வருகிறதா என்று பார்த்துவிடுகிறது. கூரிய மாணவர் ஒருவர் வெறும் பூச்சியத்தையே விடையாக எழுதிவிடலாம். அதுவும் ஓர் ஒற்றைச் சார்பே! ஆசிரியர் எதிர்பாராத இந்த விடை வகுப்பில் ஒரு நல்ல விவாதத்தைத் தொடக்கி வைக்கும். இத்தகைய வினாக்களைக் கேட்கத் துணிவு தரும் கருவியை வெறுத்தொதுக்குவது பிற்போக்காகும். கென்யாவின் மசேனோ பல்கலைக்கழகத்தில் 2019ஆம் ஆண்டு முதல் ஸ்டாக் பயன்படுகிறது. பெரிய வகுப்புகளும் குறைந்த விரிவுரையாளரும் கொண்ட அந்நாட்டின் நிலைமை நமக்கு அந்நியமானதன்று. 2022இன் பொருளாதார நெருக்கடிக்குப் பின் நம் விரிவுரையாளர் பலர் நாட்டைவிட்டே வெளியேறியிருக்கிறார்கள்.

அவ்வாறாயின் குறை எங்கே?

முதலாவது குறை, கருவி விடையைக் காண்கிறது, வழியைக் காண்பதில்லை என்பதாகும். 16ஐ 64ஆல் வகுக்கும்போது மேலும் கீழுமுள்ள 6களை வெட்டிவிட்டால் 1இன் கீழ் 4 என்று சரியான விடையே வந்துவிடும்! விடையை மட்டும் பார்க்கும் பொறி இதற்கு முழுப் புள்ளியும் வழங்கும். மறுபுறத்தில், பத்து வரிகளைச் செம்மையாக எழுதி இறுதியில் ஒரு குறியைத் தவறவிட்டவருக்கு, வினாவை அமைத்தவர் அந்தத் தவறையும் முன்கூட்டியே எண்ணி வழி செய்திருந்தாலன்றி, ஒன்றுமே கிடைக்காது. பெருக்கத்தின் பெறுதியைப் பெறுதிகளின் பெருக்கம் என்று கருதுவது போன்ற வழமையான பிழைகளை முன்னுணர்ந்து தக்க அறிவுரையைச் சேர்த்துவைக்கலாம். ஆனால் முன்னுணரப்படாத பிழை வெறும் பிழையாகவே நின்றுவிடும். மாணவரின் பிழைக்குள் ஒரு சிந்தனை ஒளிந்திருக்கிறது என்பதை அறிந்து அதனைத் தேடிச் செல்பவர் ஆசிரியர் மட்டுமே.

இங்கேதான் தமிழாசிரியரின் அக்கறை தொடங்குகிறது. கணிதத்தின் உயிர் நிறுவலில் இருக்கிறது. நிறுவல் என்பது உரைநடை. “என்க”, “ஆகவே”, “எனின்”, “ஆனால் இது முரண்” என்னும் சொற்கள் இல்லாமல் நிறுவல் இல்லை. இரண்டின் வர்க்கமூலம் விகிதமுறா எண் என்பதை நிறுவும் மாணவர் ஒரு வாதத்தை எழுதுகிறார். ஒவ்வொரு வாக்கியமும் முந்திய வாக்கியத்தின் தோளில் நிற்கிறது. நமது க.பொ.த. உயர்தர இணைந்த கணித வினாத்தாள்கள் இந்த எழுத்தை இன்றும் கேட்கின்றன. அவற்றில் பல்தேர்வு வினா இல்லை; இரு தாள்களிலும் மாணவர் படிமுறைகளை எழுதியே புள்ளி பெறவேண்டும். முல்லைத்தீவின் ஒரு கிராமத்துப் பிள்ளை இவ்வாறு இரண்டு ஆண்டுகள் “ஆகவே” எழுதிப் பழகிப் பல்கலைக்கழகம் போகிறது. அங்கே ஒரு சிறு பெட்டிக்குள் இறுதிக் கோவையை மட்டும் தட்டெழுதச் சொன்னால், உயர்கல்வி அப்பிள்ளையைப் பாடசாலையிலிருந்து மேலே அல்ல, கீழே கொண்டுசெல்கிறது என்றே கூறவேண்டும். வாதிக்கப் பழகாத தலைமுறை ஆணையிடுவோருக்கு வாய்ப்பானது. கணித வகுப்பின் “ஏன்” என்ற கேள்விக்கும் சமுதாயத்தில் எழவேண்டிய “ஏன்” என்ற கேள்விக்கும் உள்ள உறவை நாம் மறந்துவிடலாகாது.

லீன் போன்ற மென்பொருள்கள் நிறுவல்களையே சரிபார்க்கின்றனவே என்று சிலர் கூறுவர். உண்மை; ஆனால் அவற்றிடம் பேசுவதற்குத் தனியொரு செயற்கை மொழியைக் கற்கவேண்டும். ஏற்கெனவே ஒரு மொழித்தடையைத் தாண்டிக்கொண்டிருப்பவருக்கு இது இன்னொரு தடையாகும்.

இரண்டாவது குறை அந்த மொழித்தடையைப் பற்றியது. உயர்தரம் வரை தமிழில் கணிதம் பயின்றவர் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் பயில்கிறார். விரிவுரை மண்டபத்தில் ஒரு முகச்சுழிப்பைக் கண்டு விரிவுரையாளர் தமிழில் ஒரு வார்த்தை சொல்லிவிடலாம். பொறிக்கு முகம் தெரியாது. அது வழங்கும் பின்னூட்டல் ஆங்கில வாக்கியமாகவே திரையில் நிற்கும். கணிதம் தெரியாமையால் எழுந்த பிழை எது, வினா விளங்காமையால் எழுந்த பிழை எது, அடைப்புக்குறியையும் பெருக்கற்குறியையும் தட்டெழுதத் தெரியாமையால் எழுந்த பிழை எது என்று அது பிரித்தறியாது. மூன்றுக்கும் ஒரே பூச்சியம்! இக்குறை தொழினுட்பத்தின் இயல்பானதன்று என்பதையும் சொல்லவேண்டும். மூடிலில் ஒரே வினாவைப் பல மொழிகளில் எழுதிவைக்கலாம். வகையீடு, தொகையீடு, சார்பு, எல்லை, தாயம் என்று கலைச்சொற்கள் நம்மிடம் பல பதின்ம ஆண்டுகளாக நிலைபெற்றுள்ளன. இல்லாதது சொல்லன்று, எழுதுவதற்கான முயற்சியே.

மூன்றாவதாக, வாழ்க்கை நிலைமைகள். 2020இல் பல்கலைக்கழகத் தளங்களைக் கட்டணமின்றி அணுக வசதி செய்யப்பட்டது, அது பாராட்டுக்குரியது. ஆனால் கட்டணம் இல்லாமை மட்டுமே அணுகல் ஆகிவிடாது. வீட்டிலுள்ள ஒரே கைத்தொலைபேசியைத் தம்பி தங்கையருடன் பகிர்ந்துகொள்பவரும், அலைவரிசை தேடி வீதிக்கு வருபவரும், தனியறையும் கணினியும் உள்ளவரும் ஒரே நிமிடக் கணக்கில் ஒரே பரீட்சையை எழுதுவது சமத்துவம் ஆகுமா? 2022 மார்ச்சு இறுதியில் நாளொன்றுக்குப் பதின்மூன்று மணிநேரம் வரை மின்வெட்டு நிலவியதை நாடு மறக்கவில்லை. அதே மார்ச்சு மாதத்தில் கடதாசித் தட்டுப்பாட்டால் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சைகள் நிறுத்தப்பட்டதையும் நினைவிற் கொள்ளவேண்டும். கடதாசி புனிதமானது, திரை தீயது என்பதல்ல நமது வாதம். இல்லாமையின் சுமை எந்த முறையிலும் முதலில் ஏழையின் தலையிலேயே இறங்குகிறது என்பதே வாதம். பல்கலைக்கழக அனுமதியில் மாவட்டங்களுக்கு 55 வீதமும், கல்வியிற் பின்தங்கிய மாவட்டங்களுக்கு மேலும் 5 வீதமும் ஒதுக்கி இச்சுமையை அரசு ஏற்றுக்கொண்டிருக்கிறது. கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மூன்றும் அப்பட்டியலில் உள்ளவை. வாசலில் இரங்கி அழைத்துவிட்டு, உள்ளே கடிகாரம் வைத்து வெளியேற்றுவது எந்த நியாயம்?

நான்காவது வினா உடைமை பற்றியது. அமெரிக்காவின் வட கரோலினா அரச பல்கலைக்கழகத்தில், அதாவது ஒரு பொது நிறுவனத்தில், பிறந்த வெப்அசைன் என்னும் வீட்டுவேலைத் தளம் பின்னர் செங்கேஜ் என்ற பதிப்புக் கம்பனியின் கைக்குப் போயிற்று. பியர்சன் கம்பனியின் கணிதத் தளத்தில் நுழைவதற்கு மாணவர் பணம் கொடுத்துக் குறியீட்டெண் வாங்கவேண்டும். தம் வீட்டுவேலையைச் சமர்ப்பிப்பதற்கே ஒரு சுங்கவரி! 1945 முதல் இலவசக் கல்வியை உரிமையாகக் கொண்ட நாட்டில் அத்தகைய சுங்கச்சாவடி எழ இடமளிக்கலாகாது. ஸ்டாக், மாக்சிமா, மூடில் மூன்றும் கட்டற்ற மென்பொருள்கள் என்பது ஆறுதல். ஆனால் அவை தாமாக வினா எழுதுவதில்லை. ஒரு நல்ல வினாவை அமைத்து, பிழைகளை முன்னுணர்ந்து, சோதித்துப் பார்ப்பது பல மணிநேர உழைப்பு. அந்த உழைப்பைக் கண்ணுக்குத் தெரியாததாக்கி, “பொறி வந்துவிட்டது, ஆளணியைக் குறைக்கலாம்” என்று நிர்வாகம் கணக்குப் போடுமாயின், கருவி யாருடைய நன்மைக்கு வந்தது என்பது வெளிப்பட்டுவிடும்.

இறுதியாக ஒன்று. 2022 நவம்பரில் சட்ஜிபிடி வெளியானதன் பின்னர், மேற்பார்வையின்றி வீட்டிலிருந்து எழுதும் கணித விடைக்குச் சான்றுப் பெறுமதி ஏறத்தாழ இல்லாமற் போய்விட்டது. 2025இல் சர்வதேசக் கணித ஒலிம்பியாட்டின் ஆறு வினாக்களுள் ஐந்தைச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள்கள் தீர்த்துவிட்டன. இந்நிலையில் மாணவரின் அறைக்குள் ஒளிப்படக் கருவியை நுழைத்து வேவு பார்ப்பதைச் சிலர் தீர்வாக முன்வைக்கின்றனர். நெடுங்காலம் கண்காணிப்பின் கீழ் வாழ்ந்த மண்ணின் பிள்ளைகளுக்கு அதைப் பரிந்துரைக்க நா எழவில்லை.

தீர்வு வேறிடத்தில் இருக்கிறது. இணைய மதிப்பீட்டைப் பயிற்சிக் களமாக வைத்துக்கொள்வோம். மாணவர் எத்தனை முறையும் முயலட்டும், பிழைவிடட்டும், தண்டனையின்றித் திருந்தட்டும். ஸ்கின்னர் கண்ட குறைக்கு அதுவே மருந்து. பட்டத்தின் தரத்தைத் தீர்மானிக்கும் புள்ளியோ கையால் எழுதிய நிறுவலிலிருந்தும், ஆசிரியர் முன்னிலையில் வாயால் விளக்கும் திறனிலிருந்தும் வரட்டும். பொறி மிச்சப்படுத்தும் நேரம் ஆட்குறைப்புக்கன்றி, அந்த எழுத்தை வாசிப்பதற்கும் அந்த விளக்கத்தைக் கேட்பதற்கும் செலவாகட்டும். வினா வங்கிகள் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதப்பட்டு, எல்லாப் பல்கலைக்கழகங்களுக்கும் பொதுச்சொத்தாகட்டும். அதை எழுதும் விரிவுரையாளரின் உழைப்பு பதவியுயர்வுக் கணக்கில் ஏறட்டும். வளாகக் கணினிக்கூடங்கள் மாலையிலும் விடுமுறையிலும் திறந்திருக்கட்டும்.

இவை பெரும் பொருட்செலவை வேண்டும் கோரிக்கைகள் அல்ல. மாணவர் அவைகளும் ஆசிரியர் சங்கங்களும் நாளையே எழுப்பக்கூடியவை. கருவி நம்முடையதாக இருந்தால் அது பிள்ளையின் பிழையைத் திருத்தும். நாம் கருவியினுடையவராகிவிட்டால் அது பிள்ளையையே பிழையென்று வெட்டிவிடும்.